ஏறத் தயங்கும் ராக்கெட்

ராக்கெட் என்ற பெயரைக் கேட்டவுடன் கூரிய முனையும், ஒடுங்கி நீண்ட உடலும், அடியில் மூன்று நான்கு துடுப்புகளும் உடைய ஒரு குழலின் உருவமே நம் மனக்கண்முன் வந்து நிற்கிறது. காற்றை ஊடுருவிச் செல்லவேண்டிய வஸ்து மெலிந்திருக்கவேண்டும் என்பதை மனிதன் எப்போதோ கற்றுக்கொண்டுவிட்டான். அப்படியிருக்க, அமெரிக்காவில் ஓய்வுநேர விநோதமாகச் சிறு ராக்கெட்டுகளைச் செய்து பறக்கவிடும் அன்பர்களில் ஒரு சாரார், இந்த அனுபவ ஞானம் முழுவதையும் ஒதுக்கி வைத்துவிட்டு, காகிதத் தட்டுகள் இரண்டை விளிம்போடு விளிம்பு பொருந்தக் கவிழ்த்து ஒட்டி, நடுவில் ஒரு மோட்டாரைச் செருகி, அதையும் ஆகாயத்தில் ஏவி மகிழ்கிறார்கள் என்று அறியும்போது முதலில் நகைப்புத்தான் உண்டாகும். ஏவியபின் அது மேலே போகிறதா என்றால், போகிறது. வெகு உயரம் போகிறதா என்றால், இல்லை. போகாமலிருப்பதே அதன் பெருமை என்பதைத்தான் நான் இங்கே சொல்ல வந்தேன்.

இவ்வடிவத்தின்மேல் ஜனங்களுக்கு மோகம் பிறந்த நாளைக்கூடத் திட்டமாகக் குறிப்பிடலாம். 1947-ஆம் வருஷம் ஜூன் மாதம் 24-ஆம் தேதி, கென்னத் ஆர்னால்டு என்ற விமானி, வாஷிங்டன் மாநிலத்து ரெய்னியர் மலையருகே தம் சிறு விமானத்தில் சென்றுகொண்டிருந்தபோது, பளபளக்கும் ஒன்பது உருவங்கள் அதிவேகமாகக் கடந்து சென்றதைக் கண்டதாகச் சொன்னார். அவர் கண்டது எதுவாயினும் ஆகட்டும். அன்றுமுதல் பத்திரிகைகளிலும் சினிமாக்களிலும் பறக்கும் தட்டுகளுக்குக் குறைவே இல்லாமற்போயிற்று. தட்டைத் தாமே செய்து பறக்கவிட வேண்டும் என்ற ஆசை சில கைவேலைக்காரர்களுக்கு உண்டானதில் ஆச்சரியமில்லை.

ஆனால் ஆசை நிறைவேற நம்பத்தக்க மோட்டார் ஒன்று வேண்டுமே! 1957-ஆம் வருஷம் அக்டோபரில் ருஷ்யர்கள் ஸ்புட்னிக்கை ஏவியதும், அமெரிக்கச் சிறுவர்கள் பலர் துத்தநாகத் தூளையும் கந்தகத்தையும் இரும்புக் குழாயில் அடைத்து வீட்டுக் கொல்லையிலேயே ராக்கெட் விடத் தலைப்பட்டு, விரல்களை இழந்தவரும் உயிரையே இழந்தவருமாக ஆனார்கள். இந்த விபரீதத்துக்கு மாற்று, அதற்கு மூன்று வருஷங்களுக்கு முன்பே நெப்ராஸ்கா மாநிலத்தின் நார்ஃபோக் என்ற ஊரில் தயாராகிக் காத்திருந்தது. அவ்வூரில் செருப்புக்கடை நடத்திய ஆர்வில் கார்லைல் என்பவர், வாணவேடிக்கையில் தமக்கிருந்த பழைய பிரியத்தையும், மாதிரி விமானங்களில் தம் சகோதரர் ராபர்ட்டுக்கு இருந்த பிரியத்தையும் ஒன்றாகச் சேர்த்து, காகிதக் குழலும் மென்மரத் துடுப்புகளும் கொண்ட ஓர் இலேசான ராக்கெட்டை 1954-இல் உருவாக்கினார்; அதில் மருந்தடைத்த குழல் மட்டும் ஒவ்வொரு முறையும் புதிது, மற்றவையெல்லாம் திரும்பத் திரும்பப் பயன்படுபவை. நியூ மெக்ஸிகோவின் வைட் சாண்ட்ஸ் ராக்கெட் தளத்தில் பணியாற்றிய ஹாரி ஸ்டைன் இதன் அருமையை உணர்ந்து, பாதுகாப்புக்கான விதிகளையும் வகுத்து, இதனை ஓர் இயக்கமாகவே வளர்த்தார். கொலராடோவைச் சேர்ந்த வெர்ன் எஸ்டஸ் மோட்டார்களைச் சில விநாடிக்கு ஒன்றாக அழுத்தித் தள்ளும் இயந்திரத்தைச் செய்து அதற்கு ‘மேபெல்’ என்று பெண்பெயரும் சூட்டினார். பின்பு அத்தொழில் பென்ரோஸ் என்ற சிற்றூரில் ஊன்றிப் பெருகிற்று. மருந்தைத் தாமே கலந்து அடைக்கும் வேலை இந்தப் பொழுதுபோக்கில் அடியோடு விலக்கப்பட்டது என்பதை வாசகர்கள், முக்கியமாக இளம் வாசகர்கள், மனத்தில் வைக்கவேண்டும்.

இம்மோட்டார் கட்டைவிரல் பருமனும் ஏழு சென்டிமீட்டர் நீளமும் உள்ள கெட்டிக் காகிதக் குழல். அடியில் களிமண்ணாலான சிறு வாய்த்துளை. அதன்மேல் இறுக்கி அழுத்திய கருமருந்து. அதற்கும் மேல், உந்தாமல் புகைமட்டும் விட்டு மெதுவாக எரியும் தாமத மருந்து. உச்சியில், பாராசூட்டை வெளியே தள்ளுவதற்கான சிறு வெடி. குழலின்மேல் ‘சி6-3’ என்பதுபோல் ஒரு குறி அச்சிட்டிருக்கும். எழுத்து மோட்டாரின் மொத்தத் திறனைக் காட்டுகிறது. ‘ஏ’ என்றால் அதிகபட்சம் 2.5 நியூட்டன்-விநாடி, ‘பி’ என்றால் 5, ‘சி’ என்றால் 10, இப்படி ஒவ்வோர் எழுத்துக்கும் அளவு இரட்டிக்கும். முதல் எண் சராசரி உந்துவிசை, நியூட்டன் கணக்கில். பின்னுள்ள எண் தாமதம், விநாடிக் கணக்கில். இந்தக் கடைசி எண்ணில்தான் நம் தட்டின் இரகசியம் அடங்கியிருக்கிறது.

ஒல்லியான ராக்கெட் ஒன்றில் ‘சி6’ மோட்டாரைப் பொருத்தினால், மருந்து எரிவது இரண்டு விநாடிக்கும் சற்றுக் குறைவே. ஆனால் அதற்குள் அடைந்த வேகத்தினால், உந்துவார் யாருமின்றியே, இன்னும் ஐந்தாறு விநாடி மேலேறிக்கொண்டே போய், இருநூறு முந்நூறு மீட்டர் உயரத்தில்தான் அது தளர்ந்து நிற்கும். ஆகவேதான் பாராசூட் உரிய தருணத்தில் விரிய, தாமத மருந்து அவசியமாகிறது. தட்டின் கதை வேறு. 25 சென்டிமீட்டர் விட்டமுள்ள தட்டு, 2.5 சென்டிமீட்டர் பருமனுள்ள குழலைவிட அகலத்தில் பத்து மடங்குதான். காற்றை எதிர்கொள்ளும் பரப்பிலோ நூறு மடங்கு. காற்றெதிர்ப்பு பரப்புக்கு நேர்விகிதத்திலும் வேகத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்திலும் வளர்வதால், மோட்டாருடன் 75 கிராம் எடையுள்ள அத்தகைய தட்டு, அரை விநாடிக்குள்ளாகவே விநாடிக்குச் சுமார் 16 மீட்டர் என்ற வேகத்தை எட்டி, அதற்குமேல் ஓர் அடியும் விரைய மாட்டேனென்று நின்றுவிடுகிறது. மருந்து தீர்ந்ததும் அந்த வேகமும் மறைந்துபோகும். உந்துதலின்றி அது ஏறும் உயரம் மூன்று நான்கு மீட்டருக்குமேல் இராது. மொத்தம் முப்பது மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். மோட்டார் ஓய்ந்த இடமே பயணத்தின் உச்சி என்பதால், தாமத எண் பூஜ்யமான மோட்டாரே இதற்குப் போதும்.

இறங்கும்போதும் அதே காற்றெதிர்ப்புத்தான் துணை. முப்பது மீட்டரிலிருந்து விழும் கல் விநாடிக்கு 24 மீட்டர் வேகத்தில் தரையை மோதும். நம் தட்டு விநாடிக்கு நாலு மீட்டர் சொச்சம் என்ற நிதானத்தில் வந்து சேரும். பாராசூட் கட்டிய சிறு ராக்கெட் இறங்கும் வேகமும் ஏறக்குறைய அதுவே. ராக்கெட் சாஸ்திரிகள் எந்த எதிர்ப்பைக் குறைக்கத் தலைமுறை தலைமுறையாகப் பாடுபட்டார்களோ, அதையே பாராசூட்டாகவும், எல்லைக்கோடாகவும், பாதுகாவலாகவும் வரித்துக்கொண்ட உபாயம் இது. பெரிய மோட்டாரைப் போட்டு ஏமாற்றலாம் என்று நினைப்பவருக்கும் அது இடங்கொடாது: ‘டி12’ என்ற இரட்டைத் திறனுள்ள மோட்டாரை வைத்தாலும் வேகம் 1.4 மடங்காகுமே தவிர இரட்டிக்காது. உயரம் மூன்றில் ஒரு பங்கு கூடினால் அதிகம். நெருப்பும் சப்தமும் மட்டும் இரட்டிக்கும். பலர் அதற்காகவே அதைச் செய்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

இனி, துடுப்பே இல்லாத தட்டு குட்டிக்கரணம் போடாமல் நேரே ஏறுவது எப்படி என்ற கேள்வி எழும். எந்த ராக்கெட்டும் தன் ஈர்ப்பு மையத்தைச் சுற்றியே திரும்பக்கூடியது. காற்றின் பக்கவிசைகளெல்லாம் ஒன்றுசேர்ந்து தாக்குவதாகக் கருதப்படும் அழுத்த மையம், ஈர்ப்பு மையத்துக்குப் பின்னால் இருக்குமானால், சற்றுச் சாய்ந்த ராக்கெட்டைக் காற்றே நிமிர்த்திவிடும். முன்னால் இருக்குமானால் கவிழ்த்துவிடும். துடுப்புகள் பின்னால் வைக்கப்படுவது இதற்காகவே. அழுத்த மையத்தைக் காகிதத்தில் கணக்கிட்டு அறியும் முறையை 1966-இல் ஜேம்ஸ் பாரோமேன் என்ற எஞ்சினீயர் இந்தப் பொழுதுபோக்காளர்களுக்கு அளித்தார். அம்முறைப்படி ஒரு கூம்பின் அழுத்த மையம் உச்சியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில் அமைகிறது. ஒரு வேடிக்கை என்னவென்றால், மெல்லிய அட்டையாலான வெற்றுக் கூம்பின் ஈர்ப்பு மையமும் சரியாக அதே இடத்தில்தான் விழுகிறது. அதன் அடியில் ஒரு வட்ட அட்டையை மூடினாலோ, மோட்டாரைத் தாழ வைத்தாலோ, ஈர்ப்பு மையம் பின்னுக்கு வந்து, கணக்குப்படி தட்டு கவிழ்ந்தே தீரவேண்டும். நடைமுறையிலோ அத்தகைய தட்டுகள் பல நன்றாகவே பறக்கின்றன.

கணக்கு பொய்யா? பொய்யன்று, பூரணமன்று. பாரோமேனின் சூத்திரங்கள் நீண்டு மெலிந்த உடல்களை மனத்திற்கொண்டு எழுந்தவை. அகன்ற அடிப்புறத்தின் பின்னே உண்டாகும் வெற்றிடம்போன்ற தாழ்வழுத்தம் உடலைப் பின்னோக்கி இழுப்பதை அவை கணக்கில் சேர்ப்பதில்லை. குட்டையான ராக்கெட்டுகளில் இந்த அடியிழுவையே பெரிய விசை. வால்போல் பின்னாலிருந்து பற்றிக்கொண்டு தட்டை நேராக்குவது அதுதான். கணக்கிலுள்ள இந்தக் குறையை ஈடுசெய்ய அன்பர்கள் ஒரு தந்திரம் செய்கிறார்கள்: தட்டின் அடியிலிருந்து பின்னோக்கி விரிந்து செல்லும் எடையற்ற ஒரு கற்பனைக் கூம்பை, தட்டின் விட்டமே அடியின் விட்டமாகவும் அதைப்போல் 3.14 மடங்கு நீளமாகவும் பாவித்து, கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். அப்போது அழுத்த மையம் தட்டைவிட்டே விலகி, அதற்குப் பின்னால் வெறும் ஆகாயத்தில் போய் நிற்கும். அரைக் கணிதமும் அரை அனுபவமும் கலந்த இந்த உபாயத்தைப் பண்டிதர்கள் அங்கீகரிப்பார்களோ என்னவோ, களத்தில் அது கைகொடுக்கிறது.

செய்யும் முறை எளிது. கெட்டி அட்டையிலோ நுரைப்பலகையிலோ வட்டம் வெட்டி, ஒரு துண்டை நீக்கி, ஓரங்களை ஒட்டிக் கூம்பாக்கி, அடியில் மற்றொரு வட்டத்தைப் பொருத்தி, நடுவே மோட்டார் நுழையும் காகிதக் குழலை வைக்கவேண்டும். உலோகத்துக்கு இதில் இடமில்லை. மோட்டார் நழுவாமல் பிடிக்கும் சிறு எஃகுக் கொக்கி ஒன்றே விலக்கு. கவனம் தேவைப்படும் இடங்கள் இரண்டு. ஈர்ப்பு மையத்தை முன்னே தள்ளும் ஆசையில் மோட்டாரைக் குழலுக்குள் வெகு தூரம் மேலேற்றி வைப்பவர்கள் உண்டு. வாய்த்துளை குழலின் விட்டத்தைக் காட்டிலும் அதிக ஆழத்தில் இருந்தால், வெளியேறும் வாயு குழலுக்குள் காற்றை உறிஞ்சிச் சுழித்து, உந்துவிசையில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். இதைக் குருஷ்னிக் விளைவு என்பார்கள். தட்டு ஏவும் கம்பியைவிட்டு எழாமல் உறுமிக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் இதுவே காரணமாக இருக்கலாம். இரண்டாவது, பூஜ்யத் தாமத மோட்டார் முடியும் க்ஷணத்தில் தன் மேல்முனை வழியாக நெருப்பைக் கொப்பளிக்கும். அதற்கு உச்சியில் ஒரு துவாரம் விடாவிட்டால், அழுத்தம் மோட்டாரையே கீழே உதைத்துத் தள்ளும், அல்லது தட்டைக் கொளுத்தும்.

ஏவுவதற்கு, சுமார் ஒரு மீட்டர் நீளமுள்ள மெல்லிய எஃகுக் கம்பியை நட்டு, தட்டில் ஒட்டிய சிறு காகிதக் குழாயை அதில் கோத்து, அடியில் நெருப்பைத் தடுக்கும் தகட்டை வைப்பார்கள். திரி கொளுத்துவது கிடையாது; மின்கலமும் நீண்ட கம்பியும் சாவியும் கொண்டு, குறைந்தது ஐந்து மீட்டர் தூரத்தில் நின்று, ஐந்திலிருந்து இறங்குமுகமாக எண்ணிய பிறகே பொத்தானை அழுத்தவேண்டும்; பற்றாவிட்டால் சாவியை எடுத்துவிட்டு ஒரு நிமிஷம் கழித்தே அருகில் செல்லவேண்டும். காற்று மணிக்கு 32 கிலோமீட்டருக்குமேல் வீசினால் அன்று வேலையில்லை. ஒல்லி ராக்கெட் ஒரு சீறலோடு கண்ணைவிட்டு மறைந்துபோக, அதைத் தேடி வயல்வெளியெல்லாம் அலைபவரைக் காணலாம். தட்டு விடுபவர் மோட்டாரின் முழக்கம் தொடக்கத்திலிருந்து முடிவுவரை தம் கண்ணெதிரே நடப்பதைக் கண்டு, பத்துப் பதினைந்து அடி நடந்து அதை எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறார். இறங்கும் விதத்தில் மட்டும் ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு குணம்: சில தலைகீழாகத் திரும்பி நேரே வரும், சில பக்கத்துக்குப் பக்கம் ஊசலாடும், சில புரளும். விழும் காகிதத் துண்டு ஏன் புரள்கிறது என்பதை ஆராய்ந்து 1854-இலேயே கட்டுரை எழுதிய இளைஞர், பிற்காலத்தில் மின்காந்தக் கொள்கையால் அழியாப் புகழ்பெற்ற மாக்ஸ்வெல்.

தட்டு வடிவத்தை வெறும் விளையாட்டு என்று தள்ளிவிடாதபடி அமெரிக்க விண்வெளி ஸ்தாபனமான நாசாவே அதைக் கையாண்டிருக்கிறது. செவ்வாயின் மெல்லிய காற்றில் பெரிய சுமைகளை வேகந்தணித்து இறக்கும் வழியைச் சோதிக்க, 2014-ஆம் வருஷம் ஜூன் 28-ஆம் தேதி, ஹவாயிலுள்ள காவாய் தீவிலிருந்து, 4.7 மீட்டர் விட்டமுள்ள ஒரு தட்டை இராட்சத பலூனில் 36 கிலோமீட்டர் உயரத்துக்கு ஏற்றி, அங்கே அதன் ராக்கெட் மோட்டாரைக் கொளுத்தினார்கள். சிறு ராக்கெட்டுகள் அதைச் சுழற்றி நிலைநிறுத்த, தட்டு 55 கிலோமீட்டர் உயரம் ஏறி, ஒலியைப்போல் நான்கு மடங்கு வேகமடைந்து, பிறகு தன்னைச் சுற்றிலும் ஒரு வளையத்தை ஊதிப் புடைத்து 6 மீட்டராக அகன்றது. இதுவரை எல்லாம் எண்ணியபடியே நடந்தது. அடுத்து விரிந்த மாபெரும் பாராசூட் கிழிந்துபோயிற்று. மறுவருஷம் ஜூனில் வேறொரு பாராசூட்டைக் கொண்டு மறுபடியும் சோதித்தார்கள், அதுவும் கிழிந்தது. தட்டும் வளையமும் இரண்டு முறையும் தம் காரியத்தைச் செவ்வனே செய்தன. விளையாட்டுத் தட்டுக்காரர்களுக்கோ இந்தத் தொல்லை இல்லை. அவர்களிடம் கிழிவதற்குப் பாராசூட்டே கிடையாது.