பூண்டு எதுவரைக்கும் போகும்?

எர்லாங்கன்ல எங்க தெருவுலயே ஒரு மதுரை அக்கா இருக்காங்க. போன மாசம் பெண் குழந்தை. ஊர்லேர்ந்து வந்த அம்மா வந்ததும் வராததுமா பூண்டுப்பால், பூண்டுக்குழம்புன்னு பத்தியச் சமையலை ஆரம்பிச்சாச்சு. இங்கே பிரசவம் முடிஞ்சு 12 வாரம் வரைக்கும் ஹெபாமெ, அதாவது மருத்துவச்சி, காப்பீட்டுச் செலவிலேயே வீட்டுக்கு வந்து பார்ப்பாங்க. அவங்க மோந்து பார்த்துட்டு, "பூண்டு, வெங்காயம், கோஸ் எல்லாம் வேண்டாம், குழந்தைக்கு வாயு"ன்னுட்டாங்க. அம்மா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்க, நடுவுல அக்கா அழுகை. "தம்பி, நீதான் கெமிஸ்ட்ரி படிக்கிறியே, பார்த்துச் சொல்லேன்!"

தேடினா, விஷயம் நம்ம ஊர்லயே இருக்கு! எர்லாங்கன்-நியூரம்பெர்க் பல்கலைக்கழகத்துல ஆந்த்ரேயா ப்யூட்னர் குழுவினர் இதைத்தான் ஆராய்ந்து 2016-ல் வெளியிட்டிருக்காங்க. தாய்மார்கள் பச்சைப்பூண்டு சாப்பிட்ட பிறகு எடுத்த பாலை முகர்ந்தும் கருவியில் அளந்தும் பார்த்ததில், சுமார் இரண்டரை மணி நேரத்தில் பூண்டு வாசம் வந்திருக்கிறது. பூண்டில் இருப்பது அப்படியே போவதில்லை. உடம்பு அதை அல்லைல் மெதைல் சல்ஃபைடாக மாற்றுகிறது; அது ரத்தத்தில் கலந்து மூச்சு, வியர்வை, பால் எல்லாவற்றிலும் எட்டிப் பார்க்கிறது. (பஸ்ஸில் பக்கத்து சீட் ஜெர்மன்காரர் எழுந்து போன ரகசியமும் இதுதான் :-)) கூடவே வேறு இரண்டு கந்தகச் சேர்மங்களும் பாலில் இருந்தன, ஆனால் அவற்றுக்கு வாசமே இல்லை.

சரி, குழந்தை முகம் சுளிக்குமா? 1991-ல் அமெரிக்காவில் மெனெல்லாவும் போஷாமும் பார்த்தது நேரெதிர்: பூண்டு வாசம் வந்த பாலைக் குழந்தைகள் அதிக நேரம் சப்பியிருக்கின்றன. அதுக்காகப் பூண்டு பாலைப் பெருக்கும்னு அம்மா சொல்றது நிரூபணம் ஆயிடாது, அது வேற கேள்வி.

வாயு? அது நார்ச்சத்து நம்ம குடலில் நொதிக்கிறதால வர்றது. அம்மா வயித்துக் காத்து பாலுக்குள்ள போக வழியில்லை. ஏதாவது சாப்பிட்ட பிறகு ஒவ்வொரு தடவையும் குழந்தை படுத்தினா மட்டும் அதை நிறுத்திப் பார்க்கலாம், டாக்டர்கிட்ட கேட்கலாம். தவிர, ஆய்வில் கொடுத்தது பச்சைப்பூண்டு. முழுப்பல்லாகவே வேகவைத்தால் வாசப்பொருளை உண்டாக்குகிற நொதி சூட்டிலேயே செத்துவிடும்.

இதையெல்லாம் அக்காகிட்ட சொல்லிட்டிருந்தப்போ, ஹெபாமெ விட்டுட்டுப் போன 'ஷ்டில்டே' பொட்டலத்தை அம்மா பிரிச்சாங்க. தாய்ப்பாலுக்குன்னே இங்கே விக்கிற மூலிகை டீ. ஒரு மோப்பம், ஒரே சிரிப்பு: "இது நம்ம சோம்புத் தண்ணிடா!" சோம்பு வாசம் தர்ற அனெத்தோலும் இரண்டு மணி நேரத்துல பாலுக்கு வந்துடும்னு 2008-ல் டென்மார்க்கில் கண்டுபிடிச்சதைச் சொன்னேன். ராத்திரி பூண்டுக்குழம்பு, அப்புறம் ஷ்டில்டே. எனக்கும் ஒரு டம்ளர் கிடைச்சுது.