எக் தீவில் ஊரார் நடத்தும் மின்சாரம்

ஸ்காட்லாந்தின் மேற்குக் கடற்கரைக்கு அப்பால், ஸ்கை என்ற பெரிய தீவுக்குத் தெற்கே, எக் என்னும் சிறு தீவு உள்ளது. பரப்பு சுமார் 31 சதுர கிலோமீட்டர். ஏக்கர் கணக்கில் 7,500-க்குச் சற்று மேல். நூறு பேரை ஒட்டிய மக்கள் தொகை. செம்மறி ஆடும் மாடும் வளர்த்தல், சிறிது பயிர்த்தொழில், கோடையில் வரும் சுற்றுலாப் பயணிகள் ஆகியவற்றைக் கொண்டே தீவின் பிழைப்பு நடக்கிறது. கரையிலிருந்து இத்தீவுக்கு மின் கம்பி வரவில்லை. ஆனாலும் 2008-ஆம் ஆண்டு பிப்ரவரி 1-ஆம் தேதி முதல் இங்கு இரவும் பகலும் மின்சாரம் கிடைக்கிறது. அதை நடத்துவது அரசு அல்ல. தனியார் முதலாளியும் அல்ல. தீவு மக்கள் பங்கு கொண்டுள்ள ஓர் அறக்கட்டளையே நடத்துகிறது.

நீரிலிருந்தும் காற்றிலிருந்தும் மின்சாரம் எடுப்பது இன்று புதுமை அல்ல. அதை வருடக்கணக்கில் சண்டையின்றி, நின்று போகாமல் நடத்துவதுதான் கடினம். கூட்டாகக் கிணறு வெட்டி, கூட்டாக மோட்டார் வைத்து, காயில் எரிந்த அன்றே பங்காளிகள் பிரிந்து போன கதை எத்தனையோ ஊர்களில் உண்டு. எக் தீவின் செய்தியை அந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும்.

நிலம் கைக்கு வந்த விதம்

எக் தீவு நீண்ட காலம் ஒரே நில உடைமையாளரின் கையில் இருந்து வந்தது. உடைமையாளர் மாறுவார், ஆனால் தீவு முழுவதும் ஒருவருக்கே சொந்தமாக இருக்கும் நிலை மாறாது. அங்குள்ள சிறு விவசாயிகள் 'கிராஃப்ட்' எனப்படும் சிறு குத்தகை நிலங்களில் பயிர் செய்து, பொது மேய்ச்சல் நிலத்தில் கால்நடைகளை விட்டு வந்தனர். கிராஃப்ட் நிலத்துக்குச் சட்டப் பாதுகாப்பு இருந்தது. ஆனால் மற்ற வீடுகளில் குடியிருந்தோர் பலருக்கு உறுதியான குத்தகைச் சீட்டு இல்லை. நாளை இருப்போமா என்று தெரியாத வீட்டில் யார் கூரையைப் பழுது பார்ப்பார்கள்? இளைஞர்கள் வெளியேறினர். 1997-இல் தீவில் ஏறத்தாழ 65 பேரே எஞ்சியிருந்தனர்.

தீவு விற்பனைக்கு வந்தபோது குடியிருப்போர் சங்கம், ஹைலாண்டு மாவட்ட மன்றம், ஸ்காட்லாந்து வனவிலங்கு அறக்கட்டளை ஆகிய மூன்றும் சேர்ந்து 'எக் தீவு மரபு அறக்கட்டளை'யை அமைத்தன. பொதுமக்களிடம் நன்கொடை திரட்டப்பட்டது. பெயர் வெளியிட விரும்பாத ஒருவர் பெருந்தொகை தந்தார். 15 லட்சம் பவுன் விலைக்கு 1997 ஜூன் 12 அன்று தீவு அறக்கட்டளையின் கைக்கு வந்தது. விற்பனைக்கு வரும் நிலத்தை வாங்க உள்ளூர் மக்களுக்கு முதல் வாய்ப்புத் தரும் நிலச் சீர்திருத்தச் சட்டம் ஸ்காட்லாந்தில் 2003-இல்தான் இயற்றப்பட்டது. எக் மக்கள் அதற்கு 6 ஆண்டுகள் முன்பே காரியத்தை முடித்துவிட்டனர்.

டீசல் செய்த தொல்லை

நிலம் கிடைத்த பின்னும் மின்சாரம் இல்லை. வீட்டுக்கு வீடு டீசல் ஜெனரேட்டர் ஓடியது. டீசல் படகில் வர வேண்டும். கடல் கொந்தளித்தால் படகு வராது. ஜெனரேட்டரை இருபத்து நான்கு மணி நேரமும் ஓட்டக் கட்டுப்படியாகாததால் சில மணி நேரமே ஓட்டினர். குளிர்பதனப் பெட்டி வைக்க முடியாது, இரவில் இருட்டு. கரையிலிருந்து கடலடியில் கம்பி இழுக்கலாமென்றால் அந்தச் செலவு சிறு தீவுக்குத் தாங்காது.

ஆகவே தீவிலுள்ள ஓடை, காற்று, வெயில் ஆகிய மூன்றையும் ஒரே கம்பியில் சேர்ப்பது என்று அறக்கட்டளை தீர்மானித்தது. திட்டச் செலவு ஏறத்தாழ 16 லட்சம் பவுன். இதில் பெரும்பகுதி ஐரோப்பிய வட்டார வளர்ச்சி நிதி, லாட்டரி நிதி போன்றவற்றிலிருந்து மானியமாக வந்தது. தீவு மக்களும் தம் பங்கைப் போட்டனர். முழுவதும் இனாமாகக் கிடைத்த பொருளை யாரும் தம் பொருளாக எண்ணுவதில்லை என்பதை விரிவாக்கப் பணியில் இருப்போர் அனைவரும் அறிவர். அந்த வகையில் மக்கள் பங்கு சிறிதாயினும் முக்கியமானது.

மூன்றும் ஒன்றுக்கொன்று துணை

லெய்க் என்ற இடத்தில் 100 கிலோவாட் நீர்மின் நிலையம் ஒன்றும், வேறு இடங்களில் மிகச் சிறிய நீர்மின் நிலையங்கள் இரண்டும் உள்ளன. 6 கிலோவாட் காற்றாலைகள் 4 நிறுவப்பட்டன. சூரிய மின் தகடுகள் தொடக்கத்தில் 10 கிலோவாட் அளவே இருந்தன. பின்னர் படிப்படியாக 50 கிலோவாட் அளவுக்குப் பெருக்கப்பட்டன. சுமார் 11 கிலோமீட்டர் நீளத்துக்கு மின் கம்பி நிலத்தடியில் பதிக்கப்பட்டது. புயல் காற்று மிகுந்த தீவில் இது சரியான முடிவு.

சூரியத் தகடுகளைக் கூட்டியதற்குக் காரணம் உண்டு. அப்பகுதியில் குளிர்காலத்தில் மழையும் காற்றும் அதிகம். ஓடை நிறைந்து ஓடும். வசந்த காலத்திலும் கோடைத் தொடக்கத்திலும் மழை குறைந்து ஓடை வற்றும். அந்த மாதங்களில்தான் அங்கு பகல் பொழுது நீளம். ஓடை கைவிடும்போது வெயில் கை கொடுக்கிறது. மானாவாரி நிலத்தில் ஒரே பயிரை நம்பாமல் கலப்புப் பயிர் செய்வது போன்ற ஏற்பாடு இது.

உற்பத்தியாகும் மின்சாரம் பேட்டரிகளில் சேமிக்கப்படுகிறது. பேட்டரி தாங்குவது அதிகம் போனால் ஒரு நாள். எல்லாம் குறைந்து போனால் ஓட்ட டீசல் ஜெனரேட்டர்கள் தயாராக உள்ளன. எனினும் ஆண்டுத் தேவையில் பத்தில் ஒன்பது பங்கும் அதற்கு மேலும் நீர், காற்று, வெயில் ஆகியவற்றிலிருந்தே கிடைத்து வந்துள்ளது. மழையும் காற்றும் சேர்ந்து மின்சாரம் மிஞ்சும் நாட்களில் அதை வீணாக்காமல் சமூகக் கூடம், மாதா கோயில்கள், படகுத் துறைக் கட்டடம் ஆகியவற்றைச் சூடாக்கத் திருப்பி விடுகிறார்கள்.

வீட்டுக்கு 5 கிலோவாட்

எக் தீவின் மிக நல்ல ஏற்பாடு என்று சொல்ல வேண்டியது இதுதான். எந்த வீடும் ஒரே நேரத்தில் 5 கிலோவாட்டுக்கு மேல் இழுக்கக் கூடாது. கடை, பட்டறை போன்ற தொழில் இடங்களுக்கு 10 கிலோவாட். 5 கிலோவாட் என்பது ஏறத்தாழ ஆறரை குதிரைத்திறன் மோட்டார் இழுக்கும் அளவு. அதைத் தாண்டினால் அந்த வீட்டின் இணைப்பு மட்டும் தானாகத் துண்டிக்கப்படும். பராமரிப்புப் பணியாளர் வந்து கட்டணம் பெற்றுக்கொண்டு மீண்டும் இணைப்பார். எவ்வளவு மின்சாரம் ஓடுகிறது என்று காட்டும் சிறு கருவி வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. எனவே துணி துவைக்கும் இயந்திரம் ஓடும்போது தண்ணீர் கொதிக்க வைக்கும் கெண்டியைப் போடலாமா என்று பார்த்தே போடுகிறார்கள்.

வசதியுள்ளவர் கூடுதல் பணம் கட்டிக் கூடுதல் கிலோவாட் வாங்க இயலாது. பெரிய வீடு, சிறிய வீடு என்ற வேறுபாடும் கிடையாது. ஏரிப் பாசனத்தில் முறைத் தண்ணீர் விடும்போது கடைமடைக்காரருக்கும் நாழிகைக் கணக்குப்படி விடுவதே நியாயம். மேல்மடைக்காரர் இரண்டு மடங்கு வரி கட்டுகிறேன் என்றாலும் அந்த முறையை மாற்றக் கூடாது. எக் தீவில் அந்த நியாயம் மின் கம்பியில் நடக்கிறது. ஓடையில் நீர் குறையும் காலங்களில், உபயோகத்தைக் குறைக்கும்படி ஊராருக்கு அறிவிப்புச் செய்யப்படுகிறது. அறிவிப்புக்கு மக்கள் செவி சாய்க்கிறார்கள் என்றால், விதியை வகுத்தவர்கள் தாங்களே என்பது காரணம்.

யார் நடத்துகிறார்கள்?

அறக்கட்டளையின் இயக்குநர் குழுவில் குடியிருப்போர் சங்கத்தின் பிரதிநிதிகளும், மாவட்ட மன்றம், வனவிலங்கு அறக்கட்டளை ஆகியவற்றின் பிரதிநிதிகளும் இடம் பெறும் வகையில் அமைப்பு வகுக்கப்பட்டது. தீவில் யாருக்கும் யாரும் அந்நியர் அல்லர்; உறவும் பகையும் எல்லா ஊரிலும் போலவே உண்டு. வெளியார் சிலர் குழுவில் இருப்பது கணக்கு வழக்குக்கும் நடுநிலைக்கும் உதவும். அதே சமயம் ஊரார் குரல் வலுவாக இருந்ததால் முடிவுகள் தீவிலேயே எடுக்கப்பட்டன. அறக்கட்டளையின் செயலாளராகப் பல ஆண்டுகள் பணியாற்றிய மேகி ஃபைஃப் என்ற அம்மையாரும் தீவில் வாழ்பவரே.

மின்சாரத்துக்கென்று 'எக் எலெக்ட்ரிக்' என்ற தனிக் கம்பெனி உண்டு. அதன் உரிமை முழுவதும் அறக்கட்டளைக்கே. தனியாகப் பிரித்ததில் இரு பயன்கள். மின்சாரக் கணக்கு நிலக் கணக்குடன் கலக்காது. மின்சாரத்தில் நஷ்டம் வந்தாலும் தீவின் நிலம் நேரடியாக ஆபத்துக்கு உள்ளாகாது. கூட்டுறவுச் சங்கம் நடத்தியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

அன்றாடப் பராமரிப்பை, பயிற்சி பெற்ற தீவுவாசிகள் சிலர் பகுதி நேர வேலையாகச் செய்கின்றனர். ஆடு மேய்ப்பவரும் தச்சு வேலை செய்பவரும் இன்வெர்ட்டரைத் திறந்து பார்க்கக் கற்றுக்கொண்டனர். கரையிலிருந்து மெக்கானிக் படகேறி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பெரிய பழுதுக்கு மட்டுமே வெளியார் உதவி.

யூனிட் கட்டணம் திட்டம் தொடங்கிய காலத்தில் கரையிலுள்ள கட்டணத்தை விட அதிகமாகவே இருந்தது. டீசல் செலவோடு ஒப்பிட்டால் அது மிகக் குறைவு. கட்டணத்தை இன்னும் குறைத்து நல்ல பெயர் வாங்கும் ஆசை எந்தக் குழுவுக்கும் வரக்கூடியதே. ஆனால் பேட்டரிக்கு ஆயுள் சில ஆண்டுகள்தான். காற்றாலைக்கு சுமார் 20 ஆண்டுகள். வரும் கட்டணத்தில் ஒரு பகுதியை மாற்று இயந்திரத்துக்கென்று ஒதுக்காவிட்டால், முதல் பேட்டரித் தொகுதி சாகும் நாளிலேயே திட்டமும் சாகும். மானியத்தில் அமைத்த எத்தனையோ சிறு மின் திட்டங்கள் பல நாடுகளில் இந்த இடத்தில்தான் நின்றுபோயின. எக் தீவிலும் 2008-இல் வைத்த இயந்திரங்கள் பழையனவாகிவிட்ட நிலையில், இனி வரும் ஆண்டுகளே இயக்குநர் குழுவுக்கு உண்மையான சோதனைக் காலம்.

2010-இல் பிரிட்டனில் நடந்த பசுமைப் போட்டியில் எக் தீவுக்கு 3 லட்சம் பவுன் பரிசு கிடைத்தது. மின் நிலையத்துக்காக மட்டுமன்றி, வீடுகளில் வெப்பம் வெளியேறாமல் காப்பிடுதல், உள்ளூர் விறகைப் பயன்படுத்துதல் போன்ற பணிகளையும் சேர்த்தே பரிசு வழங்கப்பட்டது. மக்கள் தொகையும் 65-லிருந்து நூறைத் தாண்டியது. வெளியே சென்ற பிள்ளைகளில் சிலர் திரும்பி வந்து வீடு கட்டினர்.

கீகா தீவு

தெற்கே, கறவை மாட்டுப் பண்ணைகள் உள்ள கீகா என்ற தீவின் மக்கள் வேறு வழியில் சென்றனர். அவர்கள் 2002-இல் 40 லட்சம் பவுனுக்குத் தீவை வாங்கினர். அதில் 10 லட்சம் கடன். இரண்டே ஆண்டுகளில் திருப்பித் தர வேண்டியிருந்தது. தீவிலிருந்த மாளிகையை விற்றும் நிதி திரட்டியும் 2004 மார்ச்சில் கடனை அடைத்தனர். அந்தத் தீவுக்குக் கரையிலிருந்து மின் கம்பி உண்டு. ஆகவே தலா 225 கிலோவாட் திறனுள்ள பழைய காற்றாலைகள் மூன்றை வாங்கி நிறுவி, மின்சாரத்தை வெளியே விற்றனர். வருமானத்தில் கடன் தவணை போக ஒரு பகுதியைப் புதிய காற்றாலை வாங்கும் நிதிக்கு ஒதுக்கி, மீதியை ஒழுகும் வீடுகளைச் செப்பனிடும் பணிக்குத் தந்தனர். நான்காவது காற்றாலை 2013-இல் நிறுவப்பட்டது.