இருபத்து நான்கு மணி நேரப் பள்ளியை நடத்துவோர்

அரசின் நேரடி நிர்வாகத்தில் இல்லாமல், கட்டண வருவாயையும் அறக்கொடையையும் நம்பி நடக்கும் இருபாலர் உறைவிடப் பள்ளியை மூன்று அடுக்கு மனிதர்கள் நடத்துகிறார்கள். பள்ளியின் உடைமைக்கும் கொள்கைக்கும் பொறுப்பான ஆட்சிக் குழு முதல் அடுக்கு. அன்றாட நிர்வாகத்தைப் பார்க்கும் முதல்வரும் அவருடைய சகாக்களும் இரண்டாவது. பிள்ளைகளோடு ஒரே கூரையின் கீழ் தூங்கி எழும் விடுதிப் பொறுப்பாளர்கள் மூன்றாவது. ஆண்டு விழா மேடையிலும் சேர்க்கைக் கையேட்டிலும் பெற்றோர் கண்ணில் படுவது பெரும்பாலும் இரண்டாவது அடுக்குதான். பள்ளி நல்லதா என்பதைத் தீர்மானிப்பதில் மற்ற இரண்டுக்கும் அதற்குக் குறையாத பங்கு உண்டு.

இதைப் பார்க்க நீலகிரியின் கேத்தி பொருத்தமான இடம். மலை ரயில் 1899-ல் குன்னூரை எட்டியது; 1908-ல் உதகை வரை நீண்டது. குன்னூரைத் தாண்டி வெலிங்டன், அரவங்காடு, அதற்கடுத்து கேத்தி, பிறகு லவ்டேல் என்று வரும் இந்தச் சிறு தொலைவுக்குள்ளும் அதன் இரு முனைகளிலும் பழைய பள்ளிகள் அடுத்தடுத்து நிற்கின்றன. குன்னூர் ஸ்டேன்ஸ் பள்ளியும் லவ்டேல் லாரன்ஸ் பள்ளியும் 1858-ல் தொடங்கியவை. உதகை பிரீக்ஸ் பள்ளி 1874-ல் வந்தது. ஹெப்ரான் பள்ளி 1899-ல் குன்னூரில் தொடங்கிப் பிறகு உதகைக்கு இடம்பெயர்ந்தது. கேத்திக்கு உரியது செயின்ட் ஜார்ஜஸ் ஹோம்ஸ். இன்று லெய்ட்லா நினைவுப் பள்ளி, இளநிலைக் கல்லூரி என்ற பெயரில் இயங்குகிறது.

ஜான் பிரீடன் என்ற பாதிரியார் 1914-ல் கொடைக்கானலில் தொடங்கிய இல்லம் அது. 1922-ல் கேத்திக்கு வந்தது. ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்களில் வசதியற்ற பிள்ளைகளுக்கு வீடும் படிப்பும் தருவது அதன் நோக்கம். வடக்கே காலிம்போங்கில் ஜான் ஆண்டர்சன் கிரகாம் 1900-லேயே இதே போன்ற ஓர் இல்லத்தைத் தொடங்கியிருந்தார். அங்கே பிள்ளைகளை ஒரே பெரிய கூடத்தில் அடைக்காமல் சிறு சிறு வீடுகளாகப் பிரித்து, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பெண்மணியைத் தாய்ப் பொறுப்பில் அமர்த்தினார்கள். ஆசிரியர் பாடத்துக்கு; பசி, காய்ச்சல், அழுகை, சண்டை எல்லாவற்றுக்கும் அந்த வீட்டுத் தாய். தலைமையைப் பல கைகளில் பிரித்துக் கொடுத்த அந்த ஏற்பாடு, உறைவிடப் பள்ளி நிர்வாகத்தில் அந்தக் காலம் கண்ட மிகச் சிறந்த யோசனை என்று தயங்காமல் சொல்லலாம்.

பள்ளியின் பெயரில் இருக்கும் சர் ராபர்ட் லெய்ட்லா ஆசிரியரும் அல்ல, பாதிரியாரும் அல்ல, வணிகர். கல்கத்தாவில் தொடங்கி சென்னை மவுண்ட் ரோடு, கொழும்பு, சிங்கப்பூர் என்று கிளை பரப்பிய ஒயிட்அவே லெய்ட்லா ஜவுளிக் கடைகளை நிறுவியவர், 1906 முதல் 1910 வரை பிரிட்டன் நாடாளுமன்றத்தில் உறுப்பினராக இருந்தார், 1915-ல் மறைந்தார். வணிகர் ஒருவரின் பெயர் பள்ளிக்கு வந்ததில் வியப்பில்லை. நிறுவனரின் வேகம் ஒரு தலைமுறைக்குத்தான் வரும். அதன் பிறகு பள்ளியைத் தாங்குவது கொடையும், அந்தக் கொடையைக் காக்கும் குழுவும்தான்.

அந்தக் குழுக்களுக்குப் பெரிய சோதனை சுதந்திரத்துக்குப் பிறகு வந்தது. அரசியல் சட்டத்தின் 337-ஆவது பிரிவு, ஆங்கிலோ-இந்தியக் கல்விக்கான அரசு மானியத்தை முதல் மூன்று ஆண்டுகள் முன்போலவே தொடரச் செய்து, அதன் பின் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை பத்து விழுக்காடு குறைத்து, பத்தாம் ஆண்டின் முடிவில் நிறுத்தியது. மானியம் பெற வேண்டுமானால் ஆண்டுச் சேர்க்கையில் 40 விழுக்காடு இடங்களையாவது மற்றச் சமூகத்தாருக்குத் திறந்துவிட வேண்டும் என்றும் அது விதித்தது. அதே காலத்தில் ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் பிரிட்டனுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கனடாவுக்கும் குடிபெயர்ந்துகொண்டிருந்தன. எந்தப் பிள்ளைகளுக்காகப் பள்ளி கட்டப்பட்டதோ அவர்களின் எண்ணிக்கை குறைந்தது. அரசுப் பணமும் நின்றது.

அடுத்த மாற்றம் தேர்வில் வந்தது. கேம்பிரிட்ஜ் தேர்வை இந்தியாவிலேயே நடத்த ஓர் அமைப்பு வேண்டும் என்று ஆங்கிலோ-இந்தியக் கல்விக்கான மாநிலங்களிடை வாரியம் 1956-ல் முடிவெடுத்தது. 1958-ல் அந்தக் கவுன்சில் உருவானது; இன்றைய ஐ.சி.எஸ்.இ., ஐ.எஸ்.சி. தேர்வுகள் அதன் வழி வந்தவை. அதன் பிறகு மலைப்பள்ளியின் முதல்வருக்கு இரண்டு வேலைகள் சேர்ந்துகொண்டன: தமிழ்நாட்டிலிருந்தும் அண்டை மாநிலங்களிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் கட்டணம் செலுத்தக்கூடிய பெற்றோரை ஈர்ப்பது, அந்தக் கட்டணத்திலிருந்தே வசதியற்ற பிள்ளைகளுக்கு இடம் ஒதுக்குவது. அடைக்கலமாகப் பிறந்த ஒரு பள்ளி தன் பிறப்பை மறந்ததா இல்லையா என்பதை, உதவித்தொகைக்கு அதன் ஆட்சிக் குழு ஆண்டுதோறும் எவ்வளவு ஒதுக்குகிறது என்ற ஒரே வரி காட்டிவிடும்.

அண்டையில் உள்ள லவ்டேல் வேறு பாதையில் போனது. போர்வீரர்களின் அநாதைப் பிள்ளைகளுக்கான இல்லமாகத் தொடங்கிய லாரன்ஸ் பள்ளி, 1949-ல் மத்திய அரசின் கல்வி அமைச்சகத்தின் கீழ் வந்து, பிறகு தனி ஆட்சிக் குழு கொண்ட தன்னாட்சி நிறுவனமானது.

ஆட்சிக் குழு சட்டத்தின் கண்ணில் ஒரு சங்கமாகவோ அறக்கட்டளையாகவோ பதிவாகியிருக்கும். தமிழ்நாட்டில் அதற்கும் கல்வித் துறைக்கும் நடுவே நிற்பவர் தாளாளர். அங்கீகாரப் புதுப்பிப்பு, கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புத் துறைச் சான்று, சுகாதாரச் சான்று, பள்ளி வாகனத் தகுதி எல்லாம் அவர் கையெழுத்தில் நகரும். 2018-ல் இயற்றப்பட்டு 2023-ல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு தனியார் பள்ளிகள் ஒழுங்குபடுத்தும் சட்டம் இந்தப் பொறுப்புகளை ஒரே குடையின் கீழ் கொண்டுவந்திருக்கிறது. சில பள்ளிகளில் தாளாளரும் முதல்வரும் ஒருவரே. அல்லது ஒரே குடும்பத்தினர். வேலை வேகமாக நடக்கும் என்பது உண்மை. ஆனால் முதல்வரைப் பற்றி ஒரு ஆசிரியரோ பெற்றோரோ முறையிட வேண்டுமானால் அங்கே போவதற்கு வேறு கதவு இருக்காது.

நல்ல ஆட்சிக் குழு வரவுசெலவைப் பார்க்கும், முதல்வரை நியமிக்கும், ஆண்டுக்கு ஒருமுறையாவது அவரை மதிப்பிடும், கேள்வி கேட்கும்; எந்த வகுப்புக்கு எந்த ஆசிரியர் என்பதில் தலையிடாது. இந்த எல்லையைத் தாண்டும் குழுக்களும் உண்டு, ஆண்டுக்கு இரண்டு முறை தேநீர் குடித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகும் குழுக்களும் உண்டு. இரண்டில் பின்னதே அதிக ஆபத்தானது. தலையீடு கண்ணுக்குத் தெரியும், எதிர்க்க முடியும். அசட்டையை யாரும் கவனிப்பதில்லை.

முதல்வரின் வேலையை விவரிக்க அதிகம் தேவையில்லை. பகல்நேரப் பள்ளி முதல்வர் செய்வதெல்லாம் அவரும் செய்கிறார். அவருக்குக் கீழே துணை முதல்வர் கால அட்டவணையையும் ஒழுங்கையும் பார்க்கிறார். தொடக்கப் பிரிவு, மேல்நிலைப் பிரிவு என்று தனித் தலைமை ஆசிரியர்கள் இருப்பதுண்டு. கிறிஸ்தவப் பள்ளிகளில் வழிபாட்டைப் பார்க்கும் சாப்ளினுக்கும் இந்தக் குழுவில் இடம் உண்டு.

பலரும் குறைத்து மதிப்பிடுவது பர்சாரை. கணக்கு, சம்பளம், மெஸ், வாகனம், கட்டடம் எல்லாம் அவர் பொறுப்பு. கடல்மட்டத்திலிருந்து இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் உள்ள ஊரில் நூற்றாண்டுப் பழைய கட்டடங்களை வைத்துக்கொண்டு டிசம்பர், ஜனவரி உறைபனியைக் கடப்பது சாதாரண வேலை அல்ல. வெந்நீர், போர்வை, மின்சாரம் நின்றால் ஜெனரேட்டர், கோடையில் தண்ணீர், மழையில் ஒழுகும் கூரை என்று செலவு ஓயாது. வருவாயோ கட்டணத்தைப் பெரிதும் சார்ந்தது. தனியார் பள்ளிக் கட்டணத்தை ஒழுங்குபடுத்தும் சட்டமும் அதற்கான குழுவும் தமிழ்நாட்டில் 2009 முதல் இருப்பதால் அதை நினைத்தபடி உயர்த்தவும் முடியாது. மெஸ்ஸுக்கான கேரட்டும் உருளைக்கிழங்கும் கேத்திப் பள்ளத்தாக்கில் வாசலிலேயே விளைகின்றன. அரிசியும் பருப்பும் எண்ணெயும் கீழேயிருந்து ஏற வேண்டும். மெஸ்ஸில் சோறு சரியில்லை என்றால் முதலில் வீட்டுக்குப் போவது அந்தச் செய்திதான், மதிப்பெண் அல்ல.

மாலைப் படிப்பு நேரமான ப்ரெப் முடிந்து, இரவுச் சாப்பாடும் முடிந்து, விளக்கணைத்த பிறகு பள்ளி விடுதிப் பொறுப்பாளர்களின் கைக்குப் போகிறது. மேட்ரன், வார்டன், டார்ம் பேரண்ட், ஹவுஸ் மாஸ்டர், ஹவுஸ் மிஸ்ட்ரஸ் என்று பள்ளிக்குப் பள்ளி பெயர் மாறும், வேலை ஒன்றே. புதிதாக வந்த எட்டு வயதுப் பிள்ளை படுக்கையை நனைத்துவிட்டால் மற்றவர்கள் எழுவதற்குள் சத்தமில்லாமல் விரிப்பை மாற்றுவது அவர்கள். வயதுக்கு வரும் சிறுமிக்கு அம்மா இல்லாத இடத்தில் சொல்ல வேண்டியதைச் சொல்வது அவர்கள். நள்ளிரவில் மூச்சுத் திணறும் பிள்ளையைப் பள்ளி நர்ஸோடு குன்னூருக்கோ உதகைக்கோ வண்டியில் ஏற்றுவதும் அவர்கள்தான். பெரிய பையன்கள் சிறியவர்களை அடிக்கிறார்களா, காதல் என்ற பெயரில் யாராவது யாரையாவது மிரட்டுகிறார்களா என்பது முதல்வருக்குத் தெரிவதற்கு முன் இவர்களுக்குத் தெரியும், தெரிய வேண்டும்.

ஆணும் பெண்ணும் சேர்ந்து படிக்கும் பள்ளியில் இந்த அடுக்கில் பெண்கள் இருப்பது போதாது, முடிவெடுக்கும் நிலையில் இருக்க வேண்டும். பெண்கள் விடுதிக் காப்பாளர் வாராந்திர நிர்வாகக் கூட்டத்தில் உட்காருகிறாரா, அல்லது அங்கே எடுத்த முடிவு அவருக்கு மறுநாள் சொல்லப்படுகிறதா என்பது சிறிய விவரம்போலத் தோன்றும். இருபாலர் பள்ளியின் தலைமையை எடைபோட அதைவிட நல்ல அளவுகோல் இல்லை.

சட்டமும் இந்தப் பக்கமே சாய்ந்திருக்கிறது. பெண்களும் குழந்தைகளும் தங்கும் விடுதிகளைப் பதிவு செய்து உரிமம் பெற்று நடத்த வேண்டும் என்று 2014-ல் தமிழ்நாடு தனிச் சட்டம் இயற்றியது. 2012-ன் போக்சோ சட்டம் இன்னும் கடுமையானது. குழந்தை மீதான பாலியல் குற்றத்தை அறிந்தவர் எவராயினும் காவல் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர், தமக்குக் கீழ் பணியாற்றுபவர் செய்த குற்றத்தை மறைத்தால் ஓராண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. பள்ளியின் பெயர் கெட்டுவிடும், உள்ளுக்குள்ளேயே பேசி முடிப்போம் என்ற பழைய வழக்கத்துக்கு இனிமேல் சட்டத்தில் இடமில்லை. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டம் கேட்கும் உள்ளகக் குழுவுக்கும் பெண் ஒருவரே தலைவர். பாதி உறுப்பினர்களாவது பெண்கள். ஒருவர் வெளியாளாக இருக்க வேண்டும்.

மழை வரும்போது மூன்று அடுக்குகளும் ஒன்றாகச் சோதிக்கப்படுகின்றன. 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. நீலகிரியில் நிலச்சரிவுகளில் 40-க்கும் மேற்பட்டோர் இறந்தனர்; சாலைகளும் மலை ரயில் பாதையும் துண்டிக்கப்பட்டன. இத்தகைய நாட்களில் மாவட்ட ஆட்சியர் பள்ளிகளுக்கு விடுமுறை அறிவிப்பார். பகல்நேரப் பள்ளிக்கு அது பூட்டிவிட்டுப் போகும் உத்தரவு. உறைவிடப் பள்ளிக்கோ பாடம் மட்டும்தான் நிற்கும். பிள்ளைகள் அங்கேயே இருப்பார்கள், கீழேயிருந்து பெற்றோர் போன் மேல் போன் போடுவார்கள், ஆசிரியர்களில் பாதிப் பேர் வந்து சேர மாட்டார்கள். எந்த டார்மிட்டரிக்கு மேலே உள்ள மண்மேடு ஊறியிருக்கிறது, எந்த ஓடை எப்போது பாதையை அறுக்கும் என்பது, மூன்றாண்டு ஒப்பந்தத்தில் வந்த முதல்வரைவிட அதே பள்ளத்தாக்கின் படுகர் ஊர்களிலிருந்தும் தோட்டக் குடியிருப்புகளிலிருந்தும் வரும் சமையல்காரருக்கும் ஓட்டுநருக்கும் காவலாளிக்கும் நன்றாகத் தெரியும். அவர்கள் நிர்வாக வரைபடத்தில் எங்கும் இல்லை. அவர்கள் சொல்வதைக் கேட்கும் ஒருவர் அந்த வரைபடத்தில் இருந்தாக வேண்டும்.

மாணவத் தலைவர்களுக்கும் இதில் ஒரு படி உண்டு. ஹெட் பாய், ஹெட் கேர்ள், ப்ரிஃபெக்ட் என்ற முறை, 1828 முதல் 1841 வரை இங்கிலாந்தின் ரக்பி பள்ளியில் தலைமை ஆசிரியராக இருந்த தாமஸ் ஆர்னால்ட் காலத்தில் வலுப்பெற்றது. மூத்த மாணவரிடம் ஒழுங்கை ஒப்படைத்தால் பொறுப்பு வளரும் என்பது அவர் நம்பிக்கை. பிரம்பும் கூடவே ஒப்படைக்கப்பட்டது அதன் இருண்ட பக்கம். இந்தியாவில் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு உடல் தண்டனையையும் மன வதையையும் தடை செய்கிறது. ஆசிரியருக்கே இல்லாத அதிகாரத்தை மாணவரிடம் விட முடியாது. இன்றைய ப்ரிஃபெக்டின் வேலை வரிசை கட்டுவது, ஜூனியர்களைக் கவனிப்பது, அவர்கள் குறையை மேலே கொண்டுபோவது. கடைசி வேலைக்கு மேலே யாராவது காது கொடுக்க வேண்டும்.

முதல்வர் மாறும் ஆண்டில் இந்தக் கட்டமைப்பு எவ்வளவு உறுதியானது என்பது தெரிந்துவிடும். ஆட்சிக் குழு விளம்பரம் செய்து, நேர்காணல் நடத்தி, வெளியிலிருந்து ஒருவரைக் கொண்டுவருகிறது. மலைக் குளிர் ஒத்துக்கொள்ளாமலோ, வாழ்க்கைத் துணைக்கு வேலை கிடைக்காமலோ, குழுவோடு ஒத்துப்போகாமலோ அவர் விரைவில் கிளம்பவும் கூடும். பழையவர் போய்ப் புதியவர் சேரும் இடைவெளியில் துணை முதல்வர் பொறுப்பு முதல்வராகிறார். பர்சார் கணக்கை ஒப்படைக்கிறார். எந்தப் பிள்ளைக்கு ஆஸ்துமா, எந்தப் பிள்ளையின் பெற்றோர் பிரிந்திருக்கிறார்கள், விடுமுறைக்கு யாரோடு அனுப்பலாம், யாரோடு அனுப்பக் கூடாது என்ற பட்டியல் மேட்ரனிடமிருந்து வருகிறது. அந்தப் பட்டியல் எழுத்தில், பூட்டிய அலமாரியில், ஆண்டுதோறும் திருத்தப்பட்டு இருக்கும் பள்ளியில் புதிய முதல்வர் முதல் வாரத்திலேயே வேலையைத் தொடங்கிவிடலாம். எல்லாம் ஒருவரின் நினைவில் மட்டும் இருக்கும் பள்ளியில் அதைத் திரட்டவே அவருடைய முதல் ஆண்டு போய்விடும்.