குளிர் மலையினாலா, தைராய்டினாலா?

கோட்டயத்திலிருந்து குமுளி செல்லும் சாலையில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,000 அடி உயரத்தில் அமைந்துள்ளது பீர்மேடு. திருவிதாங்கூர் மன்னர்கள் கோடைக்காலத்தில் வந்து தங்கிய இம்மலையில், கம்பளியும் சூடான தேநீரும் ஆண்டின் பல மாதங்களில் அன்றாடத் தேவைகள். ஆகவே, 'எனக்கு எப்போதும் குளிருகிறது' என்று ஒருவர் கூறினால் இங்கு எவரும் வியப்பதில்லை. 'மலைக் குளிர்தானே!' என்ற மறுமொழியோடு பேச்சு முடிந்துவிடுகிறது. சில வேளைகளில் அந்த மறுமொழியே ஒரு நோயை ஆண்டுக்கணக்கில் மறைத்துவிடுகிறது. வீட்டில் மற்றவர்கள் இயல்பாக இருக்கும்போது ஒருவர் மட்டும் போர்வையை விடாதிருந்தால், காரணம் மலையாக இல்லாமல் அவரது தைராய்டு சுரப்பியாக இருக்கக்கூடும்.

சுரப்பியும் உடற்சூடும்

கழுத்தின் முன்புறம், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, வண்ணத்துப்பூச்சியின் வடிவில் அமைந்திருப்பது தைராய்டு. அது சுரக்கும் தைராக்சின், உணவிலிருந்து கிடைக்கும் எரிபொருளை உடலின் உயிரணுக்கள் எவ்வளவு வேகமாகச் செலவிட வேண்டும் என்பதை நிர்ணயிக்கிறது. அச்செலவில் பிறப்பதே உடற்சூடு. சுரப்பு குறைந்தால் சூடும் குறையும். இருக்கும் சூட்டைக் காப்பதற்காகத் தோலுக்குச் செல்லும் குருதியோட்டத்தையும் உடல் குறைத்துக்கொள்கிறது. கைகால்கள் சில்லிடுவதற்கு இதுவே காரணம்.

குளிர் தனியாக வருவதில்லை. சோர்வு, உடல் எடை கூடுதல், வறண்ட தோல், முடி உதிர்தல், மலச்சிக்கல், கரகரப்பான குரல், மறதி, மனச்சோர்வு, பெண்களுக்கு மிகுதியான மாதவிடாய் ஆகியவற்றுள் சிலவும் உடன் காணப்படும். இவை மெல்ல மெல்ல வருவதால், 'வயதாகிவிட்டது', 'வேலை அதிகம்' என்று நாமே காரணம் கற்பித்துக்கொள்கிறோம்.

எத்தனை பேருக்கு?

கொச்சியில் 971 பெரியவர்களிடம் நடத்தப்பட்டு 2009-இல் வெளியான ஆய்வொன்றில், 3.9 விழுக்காட்டினருக்குத் தைராய்டு குறைபாடும், மேலும் 9.4 விழுக்காட்டினருக்கு அதன் தொடக்க நிலையும் கண்டறியப்பட்டன. சென்னை உட்பட எட்டு நகரங்களில் நடத்தப்பட்டு 2013-இல் வெளியான மற்றோர் ஆய்வு, பெரியவர்களில் ஏறத்தாழ 11 விழுக்காட்டினருக்கு இக்குறைபாடு இருப்பதைக் காட்டியது. ஆண்களைவிடப் பெண்களே இதனால் மிகுதியாகப் பாதிக்கப்படுகின்றனர்.

கொச்சி ஆய்வில் பங்கேற்றோருக்கு அயோடின் பற்றாக்குறை இல்லை என்பது கருதத்தக்கது. அயோடின் கலந்த உப்பு இன்றியமையாதது; ஆனால் அது மட்டுமே போதுமான காப்பு அன்று. உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றல் தன் சொந்தச் சுரப்பியையே தாக்கும் நிலையை, 1912-இல் ஜப்பானிய மருத்துவர் ஹஷிமோட்டோ விவரித்தார். அயோடின் போதிய அளவு கிடைக்கும் இடங்களில் தைராய்டு குறைபாட்டின் முதன்மைக் காரணம் இதுவே.

வெப்பமானி போதுமா?

காலையில் வெப்பமானியை வைத்துப் பார்த்து, அளவு குறைந்திருந்தால் தைராய்டு குறைபாடு என்று முடிவு செய்யும் பழக்கம் சிலரிடம் உண்டு. இது சரியான வழியன்று. 98.6 டிகிரி பாரன்ஹீட் என்பது 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய மருத்துவர் வுண்டர்லிக் அளித்த சராசரி. 1992-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், நலமுடைய பெரியவர்களின் சராசரி 98.2 டிகிரியாக இருந்தது. விடியற்காலையில் எவருக்கும் உடற்சூடு குறைவாகவும், மாலையில் சற்று உயர்ந்தும் இருக்கும். முதியோருக்கு இயல்பிலேயே குறைவு. எனவே 97 டிகிரி என்பது நோயின் சான்று ஆகாது. அவ்வாறே, 98 டிகிரி இருப்பதால் நோய் இல்லை என்றும் கூற இயலாது.

வங்கி வழக்கில் சொல்வதானால், சட்டைப்பையின் கனத்தைக் கொண்டு கணக்கிலுள்ள இருப்பை ஊகிப்பது போன்றது இது. கணக்குப் புத்தகத்தைப் பார்த்தால்தான் இருப்பு தெரியும். தைராய்டுக்கு அந்தக் கணக்குப் புத்தகம் டி.எஸ்.எச். எனப்படும் குருதிச் சோதனை. தைராக்சின் குறையும்போது, மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி 'இன்னும் சுரப்பாய்' என்று தைராய்டைத் தூண்டுவதற்கு டி.எஸ்.எச். அளவைக் கூட்டுகிறது. ஆகவே அந்த அளவு உயர்ந்திருப்பது தைராய்டு தளர்ந்திருப்பதன் அறிகுறி. சற்றே உயர்ந்திருக்கும் அனைவருக்கும் மாத்திரை தேவைப்படுவதில்லை. வயது, அறிகுறிகள், தைராக்சின் அளவு ஆகியவற்றை நோக்கி மருத்துவரே முடிவு செய்வார்.

மாத்திரையும் தேநீரும்

1891-இல் இங்கிலாந்தின் மருத்துவர் மர்ரே, கடுமையான தைராய்டு குறைபாடுடைய 46 வயதுப் பெண்ணுக்கு ஆட்டின் தைராய்டுச் சாற்றைச் செலுத்திச் சிகிச்சையளித்தார். அப்பெண் அதன்பின் 28 ஆண்டுகள் வாழ்ந்தார். இன்று அதே பணியைச் செய்கிறது லீவோதைராக்சின் என்னும் சிறு மாத்திரை. இந்தியாவின் இன்றியமையா மருந்துகள் பட்டியலில் இடம்பெற்றுள்ள இம்மருந்துக்கு ஆகும் செலவு குறைவு, வேண்டுவது ஒழுங்கு.

மாத்திரையை வெறும் வயிற்றில், தண்ணீருடன் மட்டும் உட்கொள்ள வேண்டும். தேநீரோ, காப்பியோ, உணவோ அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழிந்த பின்னரே. இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி தேவை. இல்லையேல் அவை மருந்து உடலில் சேர்வதைத் தடுக்கும். தேநீருடன் நாளைத் தொடங்கி, விடிந்ததும் தோட்ட வேலைக்குப் புறப்படுவோருக்கு இந்த இடைவெளி கடினமானது. அத்தகையோர் இரவு உணவு முடிந்து மூன்று மணி நேரம் கழித்து, படுக்கப் போகும்போது உட்கொள்ளலாமா என்று மருத்துவரிடம் கேட்கலாம்.

மாத்திரை தொடங்கிய பின்னரோ, அதன் அளவை மாற்றிய பின்னரோ ஆறு முதல் எட்டு வாரங்களில் மீண்டும் சோதிக்க வேண்டும். 'அளவு சரியாகிவிட்டது' என்று மாத்திரையை நிறுத்துவது பலர் செய்யும் தவறு. மாத்திரை உட்கொள்வதால்தான் அளவு சரியாக உள்ளது. குளிர் குறையவில்லை என்று தாமாகவே அளவைக் கூட்டுவதும் ஆகாது. மிகுந்தால் இதயத் துடிப்பு பிறழும், எலும்பு மெலியும். மேலும், குளிருக்குத் தைராய்டு மட்டுமே காரணமன்று. குருதிச்சோகையும் போதிய உணவின்மையும் கூடக் குளிரச் செய்யும்.

தாமதிக்கக் கூடாத நிலைகள்

மாத்திரை உட்கொள்ளும் பெண் கருவுற்றால், உடனே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். முதல் மாதங்களில் குழந்தையின் மூளை வளர்ச்சி தாயின் தைராக்சினைச் சார்ந்தே நடைபெறுவதால், பெரும்பாலும் மாத்திரையின் அளவைக் கூட்ட வேண்டியிருக்கும்.

தைராய்டு குறைபாடுடைய முதியவர் ஒருவர் குளிர்காலத்தில் எப்போதும் உறங்கியே கிடந்தாலோ, பேச்சுத் தடுமாறினாலோ, உடல் 95 டிகிரிக்கும் கீழே குளிர்ந்தாலோ, அது உயிருக்கு ஆபத்தான அவசர நிலை. பழைய பாதரச வெப்பமானிகள் பெரும்பாலும் 94 அல்லது 95 டிகிரியிலிருந்தே தொடங்குபவை. அவை உண்மையான குளிர்ச்சியைக் காட்டமாட்டா. வெப்பமானியின் எண்ணுக்காகக் காத்திராமல், போர்வையைப் போர்த்தி உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். கொதிநீர்ப் பையை வைத்து விரைந்து சூடாக்குவது கூடாது; தோலின் குருதிக் குழாய்கள் விரிந்து, இரத்த அழுத்தம் திடீரெனச் சரியக்கூடும்.

மலையின் குளிருக்குக் கம்பளி போதும். ஆனால் மேற்கூறிய அறிகுறிகளுடன் வெயிலிலும் விலகாத குளிர் இருந்தால், ஒருமுறை மருத்துவரை அணுகிக் குருதிச் சோதனை செய்துகொள்ளுங்கள். அதன் முடிவுகளைத் தேதி வாரியாக ஒரே கோப்பில் சேர்த்து வையுங்கள். மாத்திரை தீர்வதற்கு ஒரு வாரம் முன்பே அடுத்த மாதத்திற்கானதை வாங்கிவிடுங்கள்.