இணையக் கடைக்கு வந்தோர் கணக்கு



பதுளைக் கடைத்தெருவிலே கடை வைத்திருப்பவர் இன்று தம் கடைக்கு எத்தனை பேர் வந்தனர் என்று எண்ணிக்கொண்டிருப்பதில்லை. வாயிலில் நின்று பார்த்துவிட்டுப் போனவர் யார், விலையைக் கேட்டு முகம் சுளித்தவர் யார், சம்பளம் வந்ததும் வாங்குவதாகச் சொல்லிச் சென்றவர் யார் என்பதெல்லாம் அவர் கண்முன்னே நிகழ்கின்றன. இணையத்திலே கடை வைத்திருப்பவருக்கு இந்தக் கண் இல்லை. வருவோர் போவோரின் முகம் அவருக்குத் தெரிவதில்லை. அவர் முன் விரிவன எண்கள் மட்டுமே. அவ்வெண்கள் எவற்றைச் சொல்கின்றன, எவற்றைச் சொல்லாமல் விடுகின்றன என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

கைப்பணி செய்வோர் வாங்குவோரைக் காணாதிருப்பது புதிதன்று. 1964 ஆம் ஆண்டில் தோன்றிய லக்சல நிலையங்களுக்குப் பொருள் கொடுத்த கைவினைஞர், அதை யார் வாங்கிச் சென்றார் என்பதை அறிந்ததில்லை. ஆனால் அங்கே விற்பதற்கு வேறு ஒருவர் இருந்தார். இன்று பசறையிலோ ஹாலிஎலவிலோ பண்டாரவளையிலோ இருந்துகொண்டு துணிப்பை தைத்தும், குரோசெட் பின்னியும், கொழுந்துக் கூடையின் சிறு வடிவங்களை முடைந்தும் இணையத்தில் விற்கும் நம் பெண்களுக்கு அப்படி ஒருவர் இல்லை. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து கடைகள் அடைபட்ட பின்னர் இத்தகைய முயற்சிகள் பெருகின. தைப்பவரும் அவரே, படம் பிடிப்பவரும் அவரே, கணக்கப்பிள்ளையும் அவரே. என்னிடம் படித்த மாணவியர் சிலர் கைப்பேசியை நீட்டி, “சேர், இந்த மாதம் ஆயிரம் பேர் வந்திருக்கின்றனர், ஆனால் இரண்டு பைதான் விற்றது, இதை விட்டுவிடலாமா?” என்று கேட்கின்றனர். தோட்டத் தொழிலாளியின் குறைந்தபட்ச நாட்கூலி 2021 இல் 1,000 ரூபாயாகவும், 2024 இல் 1,350 ரூபாயாகவும் நிர்ணயிக்கப்பட்டது. அத்தகைய கூலியிலிருந்து மிச்சம் பிடித்த பணமே துணியாகவும் நூலாகவும் விளம்பரமாகவும் போகிறது. ஆகவே அந்தக் கேள்விக்கு, “மனந்தளராதே அம்மா” என்று மட்டும் சொல்லி அனுப்பிவிடுவது முறையாகாது.

முதலில், “ஆயிரம் பேர்” என்பது உண்மையில் ஆயிரம் பேர்தானா என்று பார்ப்போம். இணையம் வளரத் தொடங்கிய 1990 களில், தளங்கள் தங்களுக்கு வந்த “ஹிட்” என்னும் எண்ணைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டன. ஒரு பக்கத்தைத் திறக்கும்போது அப்பக்கமும் அதிலுள்ள ஒவ்வொரு படமும் தனித்தனியே கணினியிடமிருந்து கேட்டுப் பெறப்படுகின்றன. ஒவ்வொரு கேட்பும் ஒரு ஹிட். பன்னிரண்டு படங்கள் உள்ள பக்கத்தை ஒருவர் ஒரு முறை திறந்தால் அது பதின்மூன்று ஹிட் ஆகும். கடைக்குள் ஒருவர் நுழைந்ததை, அவர் எடுத்துவைத்த அடிகளின் எண்ணிக்கையால் சொல்வது போன்றது இது. அந்த எண்ணை இன்று யாராவது உங்களிடம் காட்டினால் மரியாதையாகக் கேட்டுவிட்டு மறந்துவிடுங்கள்.

இன்று வழங்கும் அளவைகள் மூன்று. பக்கப் பார்வை என்பது திறக்கப்பட்ட பக்கங்களின் தொகை. வருகை என்பது ஒருவர் வந்து, சுற்றிப் பார்த்து, போவது வரையுள்ள ஒரு நிகழ்ச்சி. வருகையாளர் என்பது ஆள். ஒருவர் காலையில் வந்து நான்கு பைகளைப் பார்த்துவிட்டுப் போய், மாலையில் மீண்டும் வந்து அவற்றில் இரண்டை மட்டும் பார்த்தால், ஆறு பக்கப் பார்வைகள், இரண்டு வருகைகள், ஒரு வருகையாளர் எனக் கணக்காகும். 2005 நவம்பரில் கூகுள் நிறுவனம் வெளியிட்டு இன்று பெரும்பாலோர் பயன்படுத்தும் கூகுள் அனலிட்டிக்ஸ் என்னும் கருவி, வந்தவர் முப்பது நிமிடம் அசைவின்றி இருந்தால் அந்த வருகை முடிந்ததாகக் கொள்கிறது. இடையே அடுப்பில் சோறு வைக்கப் போய், நாற்பது நிமிடம் கழித்து வந்து பார்த்தால், அவர் கணக்கில் மறுபடி வந்தவரே.

வருகையாளர் என்ற எண்ணையும் முற்றாக நம்பிவிடலாகாது. கருவி எண்ணுவது மனிதரை அன்று. அவர் கையிலுள்ள பொறியை. ஒருவர் கைப்பேசியிலும் அலுவலகக் கணினியிலும் பார்த்தால் பெரும்பாலும் இருவர் ஆகிவிடுவார். மாறாக, நமது லயங்களிலே ஒரு வீட்டுக்கு ஒரு கைப்பேசி இருக்கும். தாய், மகள், மருமகள் மூவரும் அதிலேயே பார்த்தாலும் கருவிக்கு அவர்கள் ஒருவரே. கடைக்காரப் பெண் தன் கடையைத் தானே ஒரு நாளைக்கு இருபது முறை திறந்து பார்க்கிறாளே, அதுவும் கணக்கில் ஏறக்கூடும். தன் வருகைகளை நீக்கும் வசதி கருவியில் உண்டு. அதை முதல் நாளே செய்துகொள்வது நல்லது.

இன்னொரு வகை வருகை உண்டு. அதை விளக்கக் கொழுந்து நிறுவையைவிடப் பொருத்தமான உவமை எனக்குத் தோன்றவில்லை. மழைநாளில் பறித்த கொழுந்தைத் தராசில் இட்டால் நிறை கூடும். ஆனால் கூடியது கொழுந்தன்று, தண்ணீர். அதனாலன்றோ நிறுவையின்போது ஈரத்துக்கெனக் கழிக்கின்றனர்! இணையக் கடைக்கு வரும் தண்ணீர், இயந்திரங்களின் வருகை. தேடுபொறிகளும் பிற நிறுவனங்களும் ஏவிவிட்ட நிரல்கள் இரவும் பகலும் தளங்களைத் திறந்து படித்துச் செல்கின்றன. அறியப்பட்ட இயந்திரங்களைக் கருவியே கழித்துவிடுகிறது, அறியப்படாதன தங்கிவிடுகின்றன. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்திலே ஆஷ்பேர்ண் என்னும் சிறு நகர் பெரும் தரவு நிலையங்கள் நிறைந்த இடம். உங்கள் வருகையாளரில் அறுபது பேர் அந்நகரத்தார் என்றும், ஒருவரும் ஒரு நொடிகூட நிற்கவில்லை என்றும் அறிக்கை காட்டினால், பசறைத் துணிப்பைமீது ஆஷ்பேர்ண் மக்களுக்குத் திடீர்க் காதல் பிறந்துவிட்டதென்று எண்ணவேண்டா.

தண்ணீரைக் கழித்த பின் எஞ்சுவது கொழுந்து. ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்துக்கு ஒரு கிலோ தேயிலைத் தூள் கிடைக்கும் என்பது தொழிற்சாலையில் நின்றவர் அனைவரும் அறிந்தது. வருகைக்கும் விற்பனைக்கும் உள்ள உறவும் இத்தகையதே. இதனை மாற்று விகிதம் என்பர். நானூறு வருகையில் ஆறு ஓடர் கிடைத்தால் நூற்றுக்கு ஒன்றரை. இணையக் கடைகளில் நூற்றுக்கு ஒன்று முதல் மூன்று வரை கிடைத்தாலே அது வழக்கமான விளைச்சல். நூறு பேர் வந்து தொண்ணூற்றெட்டுப் பேர் வெறுங்கையோடு போவது தோல்வியன்று என்பதை நம் பெண்கள் முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

ஆயினும் தொழிற்சாலைக்கும் சிறு கடைக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. தொழிற்சாலைக்கு ஆயிரக்கணக்கான கிலோ வருவதால் விகிதம் நாளுக்கு நாள் அதிகம் ஆடுவதில்லை. சிறு கடையில் அது பேயாட்டம் ஆடும். நூற்றுக்கு இருவர் வாங்கும் கடை என்று வைத்துக்கொள்வோம். மாதம் நூறு வருகை. பொருளிலும் விலையிலும் எந்தக் குறையும் இல்லாதபோதும், தற்செயலாலேயே ஒரு ஓடர்கூட வராமற்போகும் மாதம் நூற்றுக்குப் பதின்மூன்று என்ற அளவில் நிகழும். அஃதாவது ஏழெட்டு மாதத்துக்கு ஒரு மாதம் வெறும் மாதம். அந்த மாதத்திலேதான் விலையைக் குறைப்பதும், கடையின் பெயரை மாற்றுவதும், தையல் இயந்திரத்தை விற்றுவிடலாமா என்று யோசிப்பதும் நடைபெறுகின்றன. ஒரு மாதக் கணக்கால் தீர்ப்புச் சொல்லாமல், ஆறு மாதத்தை ஒன்றாகக் கூட்டிப் பார்க்கவேண்டும்.

அடுத்து, வந்தோர் எவ்வழியே வந்தனர் என்னும் கணக்கு. தேடுபொறி வழியாக, பேஸ்புக் போன்ற சமூக ஊடகம் வழியாக, வேறு தளங்களின் இணைப்பு வழியாக, நேரடியாக எனக் கருவி பிரித்துக் காட்டும். இவற்றில் “நேரடி” என்ற சொல் மயக்கம் தரவல்லது. கடையின் முகவரியை மனப்பாடமாக அறிந்து வந்தவர் என்று அதற்குப் பொருள் கொள்ளலாகாது. எங்கிருந்து வந்தார் என்பது கருவிக்குத் தெரியவில்லை என்பதே பொருள். வட்ஸ்அப்பில் ஒருவர் அனுப்பிய இணைப்பைத் தொட்டு வருவோர் பலர் இந்தப் பட்டியலிலேயே விழுகின்றனர். நம் நாட்டில் ஒரு பொருள் வாய்மொழியாகப் பரவுவது இன்று பெரும்பாலும் வட்ஸ்அப் வழியாகவே. ஆகவே நேரடி வருகை கூடினால், எங்கோ ஒரு குடும்பக் குழுவில் உங்கள் பையின் படம் சுற்றுகிறது என்று ஊகிக்கலாம்.

தேடுபொறி வழியே வருவோர் என்ன சொற்களைத் தட்டி வந்தனர் என்பதையும், தேடியவர் கண்ணில் உங்கள் கடையின் பெயர் எத்தனை முறை பட்டது, அவர்களுள் எத்தனை பேர் தொட்டு வந்தனர் என்பதையும் கூகுள் தனியே தருகிறது. என் நோக்கில் கருவிகள் தரும் கணக்குகளுள் மிகப் பயனுள்ளது இதுவே. ஏனெனில் வாங்குவோரின் வாய்ச்சொல் இதில் மட்டுமே கேட்கிறது. தேயிலைக் கொழுந்து பூத்தையலிட்ட துணிப்பை ஒன்றுக்கு ஒரு பெண் ஆங்கிலத்தில் “டீ பேக்” என்று பெயரிட்டாள் என்க. தேநீர்ப் பொட்டலம் தேடும் உலகமெல்லாம் அவள் வாயிலுக்கு வரும். துணிப்பையைப் பார்த்துத் திகைத்துத் திரும்பும். வருகை மலைபோல் உயரும், விற்பனை அசையாது. குறை தையலில் இல்லை, பெயரில் இருக்கிறது.

இப்படி வந்ததும் திரும்புவோரின் விகிதத்தையும் கருவி சொல்லும். பழைய முறையில், ஒரே பக்கத்தைப் பார்த்துவிட்டுப் போனவரெல்லாம் திரும்பியவர். 2023 யூலை 1 முதல் அம்முறை கைவிடப்பட்டு, இன்றைய நான்காம் பதிப்பு மட்டுமே வழங்குகிறது. இதிலே பத்து நொடிக்கு மேல் நின்றாலோ, இரண்டு பக்கம் பார்த்தாலோ, வாங்குவது போன்ற முக்கியச் செயல் ஒன்றைச் செய்தாலோ அவர் ஈடுபட்டவர், மற்றையோர் திரும்பியவர். எனவே 2022 இன் எண்ணையும் இன்றைய எண்ணையும் அருகருகே வைத்து மகிழ்வதோ வருந்துவதோ பொருந்தாது. துலாக்கோலே மாறிவிட்டது.

கூடையில் பொருளை இட்டபின் வாங்காமற் போவோரைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். உலக இணையக் கடைகளை ஆராயும் பேமார்ட் நிறுவனத்தின் கணக்குப்படி, கூடையில் இடுவோர் நூற்றுவரில் ஏறக்குறைய எழுபதின்மர் பணம் செலுத்தாமலே போய்விடுகின்றனர். அவர்கள் கூறும் காரணங்களில் முதன்மையானது, கடைசியில் வந்து சேரும் கூடுதல் செலவு. 1,200 ரூபாய்ப் பை என்று பார்த்து வந்தவர், கூரியர்ச் செலவு 450 என்று இறுதிப் பக்கத்தில் கண்டால் கையை எடுத்துவிடுகிறார். கூடையிலிட்டோர் எண்ணிக்கை நன்றாக இருந்து ஓடர் மட்டும் குறைந்தால், பொருளின் படத்தை மாற்றிப் பயனில்லை. அனுப்பும் செலவை முதற் பக்கத்திலேயே சொல்லிவிடவேண்டும்.

இனி விளம்பரம். பேஸ்புக்கில் 6,000 ரூபாய் செலவிட்டு 300 வருகை பெற்றாள் ஒருத்தி. அவற்றால் மூன்று ஓடர். ஒரு வருகைக்கு 20 ரூபாய் மலிவென்று தோன்றும். ஆனால் ஒரு ஓடருக்கு 2,000 ரூபாய் ஆகிறது. துணியும் நூலும் உழைப்பும் போகப் பை ஒன்றில் 500 ரூபாய் மிஞ்சுமானால், விற்ற ஒவ்வொரு பைக்கும் 1,500 ரூபாய் நட்டம். வாங்கிய மூவரும் மீண்டும் மீண்டும் வாங்குவோராயின் கணக்கு வேறு. அதற்கு ஆதாரம் இல்லாமல் நம்பிக்கையின்மேல் பணத்தைக் கொட்டலாகாது. பிறர் சந்தையில் விற்பவர் அச்சந்தையின் பங்கையும் கழித்துக்கொள்ளவேண்டும். 2005 இல் நியூயோர்க்கின் புரூக்ளின் பகுதியில் கைப்பணிப் பொருட்களுக்கென்றே தொடங்கப்பட்ட எட்சி என்னும் இணையச் சந்தை, விற்பனையில் நூற்றுக்கு 5 ஆக இருந்த தன் பங்கை 2022 ஏப்ரலில் 6.5 ஆக உயர்த்தியது. விலையை மாற்றாதிருந்தவர்களுக்கு வருகையும் ஓடரும் அப்படியே இருந்தும் வருவாய் குறைந்தது.

கடைசியாகப் பருவம். ஊவாவிலே யூலை முதல் செப்டெம்பர் வரை வறண்ட காற்று வீசும் காலத்துத் தேயிலைக்குத் தனி மணமும் தனி விலையும் உண்டு. அந்த ஆகஸ்டுத் தேயிலையை நவம்பர்த் தேயிலையோடு ஒப்பிட்டுத் தொழிற்சாலையை யாரும் குறைகூறுவதில்லை. தீபாவளிக்கு முந்திய மாதத்தையும் அதற்குப் பிந்திய மாதத்தையும் ஒப்பிட்டு வருகை விழுந்துவிட்டதென்று கலங்குவோர் இதை நினைத்துக்கொள்ளலாம். சென்ற ஆண்டின் அதே பண்டிகைக் காலத்தோடு ஒப்பிடுவதே சரி. அதற்கும் ஒரு துணை வேண்டும். என் மாணவியரிடம் நான் சொல்வது, கருவியின் எண்களை மாதந்தோறும் ஒரு பயிற்சிக் கொப்பியில் எழுதி, பக்க ஓரத்திலே அம்மாதம் நாட்டில் நடந்ததையும் ஒரு வரி குறித்து வையுங்கள் என்பதே. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் மின்வெட்டு நிலவியது. அந்த நாட்களில் உள்நாட்டு வருகை குறைந்தது யார் குற்றமும் அன்று. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது பதுளை மாவட்டமெங்கும் மண்சரிந்து பாதைகள் அறுந்தன. அம்மாதக் கணக்கைப் பின்னொரு நாள் புரட்டும்போது கருவி ஒரு பள்ளத்தை மட்டுமே காட்டும். அங்கே கடையைத் திறந்து பார்க்க வந்தவர் இல்லாமற் போனாரா, அல்லது வந்து வாங்கியவருக்கு அனுப்பப் பாதை இல்லாமற் போயிற்றா என்பது, கொப்பியின் ஓரத்தில் பென்சிலால் எழுதிய அந்த ஒரு வரியில்தான் இருக்கும்.