பூட்டு செய்தவரும் சாவி வைத்திருப்பவரும்

திண்டுக்கல் என்றதும் வெளியூராருக்கு முதலில் நினைவுக்கு வருவது மலைக்கோட்டை. அடுத்து வருவது பூட்டு. தலைமுறை தலைமுறையாக இவ்வூர்க் கைவினைஞர்கள் இரும்பையும் பித்தளையையும் அறுத்து, அராவி, இணைத்துச் செய்துவரும் அப்பூட்டுக்கு 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் கிடைத்தது.

ஒரு வீட்டில் களவு போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். வேறு எவரோ ஒருவரின் சாவிக்கு அந்தப் பூட்டு திறந்துகொண்டதென்றால், குறை பூட்டு செய்தவருடையது. சாவியை நிலைப்படியின் மேல் வைத்துவிட்டுப் போயிருந்தால், குறை வீட்டுக்காரருடையது. இதில் எவருக்கும் ஐயம் எழாது. ஆனால் நாம் அன்றாடம் ஏறிச் செல்லும் இருசக்கர வண்டியால் ஒருவருக்குக் காயம் நேரும்போது, குறை யாருடையது என்று இவ்வளவு எளிதாகச் சொல்லிவிட முடிகிறதா?

சாலையில் கண்ட காட்சி

சில ஆண்டுகளுக்கு முன், வத்தலக்குண்டு சாலையில் ஒரு மாலை நேரம். கணவர் வண்டியை ஓட்ட, மனைவி ஒருபக்கமாக அமர்ந்து, மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு வந்தார். காற்றில் பறந்த சேலை முந்தானை பின்சக்கரத்தில் சுற்றிக்கொண்டது. கண் இமைக்கும் நேரத்தில் அப்பெண் சாலையில் கிடந்தார். குழந்தை சிராய்ப்புகளோடு தப்பியது. தாயின் தோள் எலும்பு முறிந்தது.

கூட்டம் கூடியது. ஓடி வந்தவர்களுள் பலர் சொன்னது ஒன்றுதான்: "முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார வேண்டாமா?" வலியில் துடித்துக்கொண்டிருந்த அந்தப் பெண்ணும், "என் தப்புத்தான்" என்றே முனகினார். ஆனால் அருகில் பட்டறை வைத்திருந்த முதியவர் ஒருவர் குனிந்து சக்கரத்தைப் பார்த்தார்.

"தம்பி, இதில் சேலைத் தடுப்பு எங்கே?"

"அது கடகடவென்று சத்தம் போட்டது, அண்ணே. போன வருசமே கழற்றிப் போட்டுவிட்டேன்."

முதியவர் அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை. கணவர் தலை குனிந்து நின்றார். நானும் அங்கே நின்றுகொண்டிருந்தேன். அந்த முதியவர் கேட்கும்வரை, குறை அப்பெண்ணுடையதே என்றுதான் நானும் எண்ணியிருந்தேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்ள வேண்டும்.

மனிதரை அறிந்த விதி

1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆம் விதி என்று ஒன்றுண்டு. பின்னால் அமர்பவர் பிடித்துக்கொள்ள நிலையான கைப்பிடியும், கால் வைக்கப் படியும், பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாத பகுதியை மறைத்து உடை சிக்காமல் காக்கும் தடுப்பும் இருசக்கர வண்டியில் இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். 138ஆம் விதி இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. வண்டியை விற்கும்போதே, இந்தியத் தர நிறுவனத்தின் அளவைக்கு உட்பட்ட தலைக்கவசத்தையும் உற்பத்தியாளர் வழங்க வேண்டும் என்கிறது.

இவ்விதிகளை எழுதியவர்கள் மனித இயல்பை அறிந்தவர்கள் என்றே தோன்றுகிறது. சேலை கட்டிய பெண் பின்னால் அமர்வாள். மடியில் குழந்தை இருக்கும். கையில் பை இருக்கும். நாள் முழுவதும் உழைத்த களைப்பில் ஒரு நொடி முந்தானையை மறந்துவிடுவாள். இது குற்றமன்று, மனித நிலை. இவ்வளவும் நேரக்கூடும் என்று முன்கூட்டியே எண்ணிப் பார்ப்பது பொருளைச் செய்பவரின் கடமை. "கவனமாக இருங்கள்" என்று ஒரு தாளில் அச்சிட்டுக் கொடுத்துவிட்டால் அக்கடமை தீர்ந்துவிடாது.

ஒரு புட்டியும் ஓர் உவமையும்

செய்தவரின் பொறுப்பு என்னும் இக்கருத்து சட்டத்தில் இடம்பெற்ற வரலாறு சுவையானது. 1928ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஸ்காட்லாந்து நாட்டின் பெய்ஸ்லி நகரில், ஒரு பெண்ணுக்கு அவருடைய தோழி இஞ்சிப் பானம் ஒன்று வாங்கிக் கொடுத்தார். உள்ளிருப்பது தெரியாத, ஒளி புகாத புட்டி. பாதி குடித்தபின் மீதியை ஊற்றியபோது, அதிலிருந்து அழுகிய நத்தை ஒன்று விழுந்ததாகவும், அதனால் தாம் நோயுற்றதாகவும் கூறி அவர் வழக்குத் தொடுத்தார். பானத்தைக் காசு கொடுத்து வாங்கியவர் அவரல்லர்; ஆகவே அவருக்கும் பானம் தயாரித்தவருக்கும் இடையே ஒப்பந்தம் எதுவுமில்லை. அப்படியிருக்க, தயாரித்தவர் அவருக்கு எவ்வகையில் கடமைப்பட்டவர்?

1932ஆம் ஆண்டு மே மாதம் பிரபுக்கள் சபை, மூவருக்கு இருவர் என்ற பெரும்பான்மையில், அப்பெண்ணின் பக்கம் தீர்ப்பளித்தது. முதன்மைத் தீர்ப்பை எழுதிய அட்கின் பிரபு தம் வாதத்துக்கு அடிப்படையாகக் கொண்டது, நம் ஆண்டவரிடம் சட்ட அறிஞர் ஒருவர் கேட்ட அதே கேள்வியைத்தான்: எனக்கு அடுத்திருப்பவர் யார்? நம் செயலால் பாதிக்கப்படுவார் என்று நாம் முன்கூட்டியே எண்ணிப் பார்க்க வேண்டிய எவரும் சட்டத்தின் கண்ணில் நமக்கு அடுத்திருப்பவரே என்பது அவர் தந்த விடை. எரிக்கோ சாலையில் அடிபட்டுக் கிடந்தவரின் உவமைக்கு வித்திட்ட கேள்வி, தொழிற்சாலையின் வாசலில் வந்து நின்றது!

அவ்வழக்கில் கவனிக்கத்தக்க நுட்பம் ஒன்றுண்டு. புட்டி ஒளி புகாததாக இருந்தது. குடிப்பவர் எவ்வளவு கவனமுடையவராயினும் உள்ளே இருப்பதைப் பார்த்திருக்க முடியாது. பயன்படுத்துபவர் பார்த்துத் தவிர்க்க இயலாத ஆபத்துக்குச் செய்தவரே பொறுப்பு.

நம் நாட்டின் சட்டம்

நம் நாட்டில் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பொருளால் விளையும் தீங்குக்கான பொறுப்பைத் தனி அத்தியாயமாகவே வகுத்துள்ளது. அது 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் உள்ளது. தயாரிப்பில் குறை, வடிவமைப்பில் குறை, சரியான பயன்பாட்டுக் குறிப்போ எச்சரிக்கையோ இல்லாமை ஆகியவற்றால் தீங்கு நேர்ந்தால், உற்பத்தியாளரிடம் இழப்பீடு கோரலாம். காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நாட வேண்டும். அதே ஆண்டில் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டமோ, ஆபத்து விளைவிக்கும் குறையுள்ள வண்டிகளைத் திரும்பப் பெறுமாறு உற்பத்தியாளருக்கு ஆணையிட மத்திய அரசுக்கு அதிகாரம் தந்துள்ளது.

அதே நுகர்வோர் சட்டம் மறுபக்கத்தையும் பார்க்கிறது. தீங்கு நேர்ந்தபோது பொருள் தவறாகப் பயன்படுத்தப்பட்டிருந்தாலோ மாற்றப்பட்டிருந்தாலோ, விற்பனையாளர் மீது வழக்குத் தொடுக்க இயலாது. எல்லாரும் அறிந்த வெளிப்படையான ஆபத்தைப் பற்றி எச்சரிக்கவில்லை என்று உற்பத்தியாளரைக் குறைகூறவும் இயலாது. எச்சரிக்கை போதவில்லை என்று வழக்கிடுபவர் பொருளைப் பயன்படுத்தும்போது மது மயக்கத்தில் இருந்திருந்தால், அவ்வழக்கும் நில்லாது.

ஆகவே, தடுப்பைக் கழற்றி எறிந்தவர் உற்பத்தியாளரை நோக்கி விரல் நீட்ட முடியாது. தலைக்கவசத்தைப் பெட்ரோல் தொட்டியின் மேல் வைத்துக்கொண்டு ஓட்டுபவரும், ஒரே வண்டியில் நால்வராகச் செல்பவரும் அப்படியே.

எனினும் ஒருவர் விதி மீறினார் என்பதாலேயே முழுப் பழியையும் அவர்மேல் ஏற்றிவிடுவது நீதியாகாது. 2020 ஜனவரியில் நம் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு ஒன்று இங்கு நினைவுகூரத்தக்கது. கார் மோதி உயிரிழந்த இளைஞர், மூவர் சென்ற வண்டியில் பயணித்தவர் என்ற காரணத்தைக் காட்டி, இழப்பீட்டில் ஒரு பகுதி குறைக்கப்பட்டிருந்தது. மூவராகச் சென்றது சட்ட மீறலே. ஆனால் விபத்துக்கோ அதன் விளைவுக்கோ அதுவே காரணமாயிற்று என்று மெய்ப்பிக்கப்படாதவரை, அவர்மேல் பங்குக் குற்றம் சுமத்த முடியாது என்று நீதிமன்றம் கூறியது. தவறு செய்தவருக்கும் நீதி உண்டு என்பதே இதன் பொருள்.

குடும்பங்கள் செய்யத்தக்கவை

அன்பார்ந்த பெற்றோரே, வண்டி வாங்கும் நாளில் நிறத்தையும் விலையையும் பார்க்கும் நாம், கைப்பிடி, கால்படி, சேலைத் தடுப்பு ஆகியவற்றையும் பார்ப்போம். தலைக்கவசத்தையும் கேட்டு வாங்குவோம். அது நம் உரிமை. இரசீதையும் கையேட்டையும் பத்திரமாக வைத்திருப்போம். சாலையோரத்தில் மலிவாகக் கிடைக்கிறதென்று முத்திரையில்லாத கவசத்தை வாங்க வேண்டாம். 2021 ஜூன் முதல், தர முத்திரை பெறாத இருசக்கர வண்டிக் கவசங்களைச் செய்வதும் விற்பதும் சட்டத்துக்குப் புறம்பானவை. தலையைக் காக்காத கவசம், எவர் சாவிக்கும் திறக்கும் பூட்டன்றோ?

வாங்கிய வண்டியில் எதையும் கழற்றவோ மாற்றவோ முற்படும் பிள்ளைகளைத் தடுப்போம். வண்டிக்காரர் சத்தம் என்று எண்ணிக் கழற்றுவது, பின்னால் அமர்பவரின் உயிர்க்காவலாக இருக்கலாம். கழற்றும் கை ஒருவருடையது; விழும் உடல் இன்னொருவருடையது. அவரும் நமக்கு அடுத்திருப்பவரே.

விபத்து நேர்ந்த இடத்தில் கூட்டத்தோடு நின்று தீர்ப்புச் சொல்வதையும் விட்டுவிடுவோம். முதலில் அடிபட்டவரைத் தூக்குவோம். நல்லெண்ணத்தோடு உதவுபவரை வழக்குத் தொல்லைகளிலிருந்து காக்கும் 134ஏ என்னும் பிரிவு 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. அதில் உதவுபவருக்குச் சட்டம் இட்ட பெயரே நல்ல சமாரியர்!

அந்தப் பெண்ணின் தோள் குணமாகப் பல மாதங்கள் ஆயின. பின்னர் ஒரு ஞாயிறு திருப்பலி முடிந்து வெளியே வந்தபோது அக்குடும்பத்தைக் கண்டேன். வண்டியில் புதிய தடுப்பு பொருத்தப்பட்டிருந்தது. கணவர் குனிந்து, மனைவியின் முந்தானை உள்ளே செருகப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அதன்பின் வண்டியைக் கிளப்பினார்.