குரோஸ் கணக்கும் மோல் கணக்கும்

சிவகாசிப் பக்கம் தீப்பெட்டி வேலை பார்த்த வீடுகளில் 'குரோஸ்' என்ற சொல்லுக்கு விளக்கம் தேவையில்லை. பன்னிரண்டு டஜன், அதாவது 144 பெட்டி. கூலி பேசுவதே குரோஸுக்கு இவ்வளவு என்றுதான். அதே வீட்டுப் பிள்ளை பத்தாம் வகுப்பில் 'அணுக்களும் மூலக்கூறுகளும்' பாடத்துக்கு வந்ததும் 'மோல்' என்ற சொல்லைப் பார்த்து மிரள்கிறது. மிரள ஒன்றுமில்லை. டஜன் போல, குரோஸ் போல, மோலும் ஓர் எண்ணிக்கைதான். என்ன, எண் சற்றுப் பெரியது: 6.022 × 10²³.

இத்தனை அணுக்களை யாராலும் எண்ணி எடுக்க முடியாது. நிறுத்துத்தான் எடுக்க வேண்டும். விருதுநகர் மண்டியில் உளுந்தை மணிமணியாகவா எண்ணுகிறார்கள்? ஒரு மணியின் சராசரி எடை தெரிந்தால், மூட்டையின் எடையை வைத்தே அதில் எத்தனை மணி என்று சொல்லிவிடலாம். வேதியியல் செய்வதும் அதையேதான். கார்பனின் அணு நிறை 12. எனவே 12 கிராம் தூய கார்பனில் ஒரு மோல் அணுக்கள். கந்தகத்தின் அணு நிறை 32. 32 கிராம் கந்தகத்திலும் அதே ஒரு மோல். எடை வேறு, எண்ணிக்கை ஒன்று. ஒரு குரோஸ் வெறும் பெட்டியும் குச்சி அடைத்த ஒரு குரோஸ் பெட்டியும் ஒரே எடையா இருக்கும்?

இரண்டு கை உப்பு, நாலு குடம் வாயு

1922-ல் சிவகாசியின் பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தார்கள். அந்தத் தொழிலின் உயிர்நாடி, குச்சியின் தலையில் இருக்கும் பொட்டாசியம் குளோரேட். அதன் மோலார் நிறையை நாமே கூட்டிப் பார்க்கலாம்: பொட்டாசியம் 39, குளோரின் 35.5, ஆக்சிஜன் அணுக்கள் மூன்றுக்கு 48. மொத்தம் 122.5 கிராம்.

இந்த உப்பு இரண்டு மோல் சிதைந்தால் மூன்று மோல் ஆக்சிஜன் வாயு வெளிவரும். எடையில் சொன்னால், 245 கிராம் உப்பிலிருந்து 96 கிராம் ஆக்சிஜன் வரும். 149 கிராம் பொட்டாசியம் குளோரைடு மிஞ்சும். 96-ஐயும் 149-ஐயும் கூட்டினால் மீண்டும் 245. ஒரு கிராம்கூடக் காணாமல் போகவில்லை.

காணாமல் போகவில்லை, ஆனால் இடம் பெருகிவிட்டது. பூஜ்யம் டிகிரி செல்சியஸ் வெப்பநிலையிலும் இயல்பான காற்றழுத்தத்திலும் ஒரு மோல் வாயு 22.4 லிட்டர் இடம் பிடிக்கும். மூன்று மோலுக்கு 67.2 லிட்டர். இரண்டு கைக்குள் அடங்கிய உப்பு, நாலு குடம் கொள்ளாத வாயுவாகிறது. எரியும் சூட்டில் அது இன்னும் பல மடங்கு விரியும். மருந்து கலக்கும் அறையில் நடக்கும் விபத்து சுவரையே பெயர்த்துவிடுவது ஏன் என்பதற்கான விடை இந்தக் கணக்குக்குள் இருக்கிறது.

தராசு சொல்லாதது

வினைக்கு முன்னும் பின்னும் நிறை மாறாது என்று தராசால் நிலைநாட்டிய பிரெஞ்சு அறிஞர் லவாய்சியர், 1775 முதல் தம் நாட்டு அரசின் வெடிமருந்து நிர்வாகத்தில் பொறுப்பு வகித்தவர். வெடியுப்புக்குப் பதிலாகப் பொட்டாசியம் குளோரேட்டைச் சேர்த்து வெடிமருந்து செய்ய 1788 அக்டோபரில் எஸ்ஸோன் என்ற ஊரில் ஒரு சோதனை நடந்தது. ஆலை வெடித்து இருவர் இறந்தார்கள். லவாய்சியரும் அவர் மனைவியும் மயிரிழையில் தப்பினார்கள்.

உலகின் தலைசிறந்த தராசு அவரிடம் இருந்தும் அது நடந்தது. எவ்வளவு என்று தராசு சொல்லும். எப்போது என்று சொல்லாது. ஓர் உராய்வு, ஒரு பொறி, ஈரம் பட்டுச் சூடேறிய கலவை என எதுவும் சமன்பாட்டில் தெரியாது. குளோரேட்டும் கந்தகமும் சேர்ந்த கலவையைப் பட்டாசில் பயன்படுத்த 1992-ல் இந்திய அரசு தடை விதித்ததற்குக் காரணமே, அது லேசான உராய்வுக்கும் தீப்பிடிக்கும் என்பதுதான். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டிப் பட்டாசு ஆலையில் முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்த விபத்தை இந்தப் பகுதி இன்னும் மறக்கவில்லை. கணக்கு தெரிந்துவிட்டது என்பதற்காக எந்தப் பிள்ளையும் எதையும் கலந்து பார்க்கக் கூடாது.

புகை எங்கே போகிறது?

வானில் கலைந்த பட்டாசுப் புகை மறைந்துவிட்டதாக நமக்குத் தோன்றும். மோல் கணக்கு அதை ஒப்புக்கொள்ளாது. 32 கிராம் கந்தகம் எரிந்தால், காற்றிலிருந்தோ கலவையிலிருந்தோ 32 கிராம் ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டு 64 கிராம் கந்தக டை ஆக்சைடு ஆகும். ஒரு கிலோ கந்தகம் முழுதாக எரிந்தால் நம் மூச்சுக்காற்றில் இரண்டு கிலோ வாயு சேரும்.

பச்சை நிறம் தரும் பேரியம் நைட்ரேட்டின் மோலார் நிறை சுமார் 261 கிராம்; அதில் பேரியம் மட்டும் 137. ஒரு கிலோ உப்பில் பாதிக்கு மேல், ஏறத்தாழ 525 கிராம், பேரியம். அது தனிமம்; எரிந்து அழியாது. சாம்பலாகவும் புகைத்துகளாகவும் எங்கோ படிந்தே தீரும். 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பட்டாசில் பேரியம் உப்புகளுக்குத் தடை விதித்தது. அதன்பின் நாகபுரியிலுள்ள நீரி ஆய்வகம் வகுத்த பசுமைப் பட்டாசு முறைகள் இங்கே நடைமுறைக்கு வந்தன. எந்தப் பொருளை எவ்வளவு குறைத்தால் எவ்வளவு புகை குறையும் என்ற கேள்வி அந்த மாற்றத்தின் அடியில் இருக்கிறது. அதுவும் மோல் கணக்குதான்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். விருதுநகர் மாவட்டத்துச் சிமெண்ட் ஆலைச் சூளையில் 100 கிராம் சுண்ணாம்புக்கல் 56 கிராம் சுண்ணாம்பையும் 44 கிராம் கார்பன் டை ஆக்சைடையும் தருவதைக் கணக்காகக் கொடுங்கள். குச்சியின் தலையை, கந்தகப் புகையை, மத்தாப்பின் நிறத்தைக் கரும்பலகையில் எழுதி, எடையைக் கூட்டிக் காட்டச் சொல்லுங்கள். அம்மாவும் அப்பாவும் நாளெல்லாம் கையாளும் பொருள் எவ்வளவு வாயுவை, எவ்வளவு நச்சைத் தனக்குள் வைத்திருக்கிறது என்பதை இந்த ஊர்ப் பிள்ளைகள் மற்ற எவரையும்விட முன்னதாகத் தெரிந்திருக்க வேண்டும்.